ஆறு சக்கரத்துக்குக் காற்று

"கையை நீட்டு" என்றார் நிஸ்தோர் மாமா. மர லாரி ஓட்டுகிற சிமியோன் நீட்டினான். கழற்றிப் போட்ட டயரின் உள்ளே கைவிட்டு, ஒரு பிடி கறுப்புத் தூளை அள்ளி அந்தக் கையில் கொட்டினார் மாமா.

"என்னது இது?"

"தூசி."

"மோந்து பாரு."

சிமியோன் மோந்து பார்த்தான். "ரப்பர்."

"டியூப்பு. போன மாசம் நான் புதுசா போட்டுக் கொடுத்தது. காபிப் பொடி மாதிரி அரைச்சு எடுத்துட்டு வந்திருக்க. எவ்வளவு காத்து வச்சு ஓட்டுன?"

"மூணரை பார் அழுத்தம்."

"பொய்."

"மூணு மாமா."

"பின்னால மாதா படம் இருக்கு. அதைப் பாத்துச் சொல்லு."

"ரெண்டு. மேல ஒரே சேறு மாமா. மூணரை வச்சா சக்கரம் நின்ன எடத்துலயே சுத்துது. எறக்கி விட்டாத்தான் பிடிக்குது."

"ஏறும்போது எறக்கின, சரி. சேறு முடிஞ்சு கல்லு ரோடு வந்துச்சே, மேல பாரம் வேற. அப்ப யாரு நிரப்புறது? ஒன் மாமியாரா?"

"அவங்க ஏறி உக்காந்தா மிச்சக் காத்தும் போயிடும் மாமா."

நிஸ்தோர் மாமா சிரிக்கவில்லை. டயரைப் புரட்டியபோதுதான், பட்டறை வாசலில் பாலாடைக்கட்டி வாளியோடு நான் நிற்பதைப் பார்த்தார். உடனே குரல் இறங்கியது.

"ஆக்சினியா, கைப்பிடி தாங்குச்சா?"

"தாங்குச்சு மாமா."

"அவ எப்படி இருக்கா?"

நான்கு கோடைகாலமாக இந்த இரண்டு கேள்விகளும் இதே வரிசையில்தான் வருகின்றன. முதலில் வாளி, பிறகு மனைவி.

நான் மர ஆலையில் அளவெடுப்பவள். புதன்கிழமை தோறும் சிமியோனின் லாரியில் ஏறி மலைக்கு மேலே போய், அடுக்கி வைத்த தடிகளை அளந்து எண் அடித்துவிட்டு வருவேன். மரம் ஏற்றும் இடத்துக்குப் பக்கத்து மேய்ச்சல் வெளியில்தான் மாமாவின் மனைவி ஒதோக்கியா அத்தையின் குடிசை. மே மாதம் ஒன்பது மாடுகளோடு மேலே போகிறவர் செப்டம்பரில்தான் இறங்குவார். அங்கே தொலைபேசிக்கு அலை கிடையாது. ஆலையின் தாள்களை ருமேனிய மொழியில் நிரப்புகிறேன். இவர்கள் இருவரின் சொற்களை எங்கள் வீட்டுப் பேச்சான ஹுத்சுல் மொழியில் மேலும் கீழும் சுமக்கிறேன். சேர்ப்பதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

மாமா குனிய மாட்டார். முதுகில் இரண்டு எலும்புகளைத் திருகாணி போட்டு இணைத்திருக்கிறார்கள். கீழே விழுந்த வால்வு மூடியை எடுக்க வேண்டுமானால், தேவாலயத்தில் செய்வது போல முழங்காலிட்டு, நேராக நிமிர்ந்தபடியே கையால் தரையைத் துழாவுவார். யாராவது கூப்பிட்டால் தலை மட்டும் திரும்பாது. ஆளே மொத்தமாகத் திரும்புவார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செர்ரி மரத்தடியில் ஒரு பெரிய டிராக்டர் டியூப்பைப் போட்டு அதன்மேல் படுத்துக்கொள்வார். அதில் பாதிக் காற்றுதான் இருக்கும். "ஊருக்கெல்லாம் மூணரை, ஒங்களுக்கு மட்டும் சப்பையா?" என்று ஓட்டுநர்கள் சீண்டினால், கண்ணைத் திறக்காமலே பதில் வரும்: "இது ஓடற டியூப் இல்லடா."

பட்டறையில் அவருக்குப் பிடித்த பொருள் ஒரு வெள்ளைப் பெயிண்ட் டப்பா. சக்கரத்தை மாட்டி முடித்ததும், டயரிலிருந்து இரும்பு வளையம் வரைக்கும் விரலகலத்துக்கு ஒரு கோடு போடுவார். லாரி திரும்பி வரும்போது முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பார். கோடு ஒன்றாக இருந்தால் நல்லது. டயரில் உள்ள பாதியும் வளையத்தில் உள்ள பாதியும் விலகியிருந்தால் அன்று ஓட்டுநருக்குத் திட்டு நிச்சயம்.

"காத்து கொறஞ்சா டயர் வளையத்தை விட்டு நழுவுது. நழுவும்போது டியூப்பையும் இழுத்துட்டுப் போகுது. வால்வு மட்டும் ஓட்டையில மாட்டிக்கிட்டு நிக்கும். எவ்வளவு நேரம்டா நிக்கும், பாவம்?"

அந்தப் 'பாவம்' என்ற சொல்லை அவர் மனிதர்களுக்குச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஏழு வருடத்துக்கு முன்பு ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவருடைய சொந்த லாரியின் வால்வு அப்படித்தான் பிய்ந்தது. அப்போது அவரும் மர லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். சேற்றுக்காகக் காற்றை இறக்கிவிட்டு மேலே போனவர், மரம் ஏற்றுகிற நேரத்தில் குடிசைக்குப் போனார். ஆறு சக்கரத்துக்கும் மறுபடி காற்று நிரப்ப அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் அவர் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு வெளிச்சம் போவதற்குள் ஆலையில் சேர வேண்டும் என்று அப்படியே பாரத்தோடு இறங்கினார். மூன்றாவது வளைவில் முன் சக்கரம் உட்கார்ந்துவிட்டது. லாரி பக்கவாட்டில் சரிந்து ஓடையில் கிடந்தது. இதெல்லாம் ஊர் சொன்னது. அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டாவது தட்டு மமலிகா. அதான் நடந்தது." மமலிகா எங்கள் பக்கத்து மக்காச்சோளக் களி.

சுச்சேவா நகரத்தில் அறுவை செய்த டாக்டர், காட்டுப் பாதையில் இனி எந்த வண்டியிலும் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். குதிரை வண்டியும் கூடாது. பதினாறு கிலோமீட்டர் ஏற்றத்தை நடந்து கடக்கிற முதுகும் அது இல்லை. பழைய குடிசை பனியில் இடிந்து, ஒதோக்கியா அத்தை அதைப் புதிதாகக் கட்டியிருக்கிறார். மாமா அதைப் பார்த்ததே இல்லை.

பார்க்காவிட்டாலும் அதற்கு வேண்டியதைச் செய்து அனுப்பிக்கொண்டேயிருக்கிறார். வீணான டியூப்பை வெட்டிப் பால் ஜாடிகளுக்கு வளையம், கதவுக்குக் கீல், கூரை ஒழுகும் இடத்துக்கு ஒரு பெரிய ஒட்டு, வாளிக்குக் கைப்பிடி. ஒருமுறை அத்தை குடிசை வாசலில் நிற்பதைப் படம் எடுத்து வந்து காட்டினேன். மாமா கைப்பேசியை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கினார்.

"இந்தத் தடம் யாரு லாரி? அகலமா இருக்கு பாரு. காத்தே இல்ல."

"மாமா, அத்தை நிக்கிறாங்க."

"தெரியுது."

கைப்பேசி தானாக அணைந்தது. திருப்பித் தராமல், "மறுபடி எரிய விடு" என்றார். மூன்று முறை எரிய விட்டேன்.

ஒதோக்கியா அத்தை சத்தமாகப் பேசுகிறவர். மாட்டைத் திட்டுவதும் மழையைத் திட்டுவதும் என்னைச் சாப்பிடச் சொல்வதும் ஒரே குரல்தான். ஒருநாள் நான் யோசிக்காமல், "மாமாவை வரச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன். பால் கறந்துகொண்டிருந்த கை நின்றது.

"ஒரு தடவை 'இரு'ன்னு சொன்னேன்டி. அது போதும்."

அதன்பின் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் இந்த ஜூன் மாதம், வாளியை என் கையில் கொடுக்கும்போது அவரே சொன்னார்:

"அந்த ஆளுகிட்ட சொல்லு, வாசல்ல ஒரு பெஞ்சு போட்டிருக்கேன். சாய்மானம் வச்சது. நேரா நிமிந்து சாயற மாதிரி."

"வேற எதுவும் சொல்லணுமா அத்தை?"

"பெஞ்சுன்னு சொன்னேன்ல? அவ்வளவுதான்."

கீழே வந்து அப்படியே சொன்னேன். மாமா ஒரு டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். குமிழி ஒரே இடத்திலிருந்து வரிசையாக வந்துகொண்டிருந்தது. அவர் அந்த இடத்தில் விரலும் வைக்கவில்லை, சுண்ணக்கட்டியால் குறியும் போடவில்லை.

"சாய்மானம் எவ்வளவு உயரம்?" என்று கடைசியில் கேட்டார்.

என் தோளைத் தொட்டுக் காட்டினேன்.

ஜூலையில் வரும் புனித இலியே திருநாளை ஒட்டி எங்கள் ஊர்க் குடும்பங்கள் மேலே குடிசைகளுக்குப் போவது வழக்கம். அந்த வாரத்தில் செவ்வாய்க்கிழமை நான் பட்டறையைக் கடந்தபோது சிமியோனின் லாரி நின்றிருந்தது. சிமியோன் இல்லை. மாமா ஒவ்வொரு சக்கரத்தின் முன்னும் முழங்காலிட்டு, பழைய கோடுகளைத் துடைத்துப் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தார். முழங்காலில் சேறு. புதுச் சட்டை.

"நாளைக்கு நீ மேல போறல்ல?"

"போறேன் மாமா."

"சிமியோன்கிட்ட நானும் வரேன்னு சொல்லிட்டேன். டயர் எப்படி ஓடுதுன்னு பாக்கணும்னு." தூரிகையை டப்பாவின் விளிம்பில் வழித்தார். "மூணரையில போனா, துள்ளுற துள்ளலுக்கு என் முதுகு மேல வரைக்கும் தாங்காது. ஒண்ணரைக்கு எறக்கினா லாரி மெத்தை மாதிரி போகும். ஏறும்போது பாரம் இல்ல. டியூப்பு தாங்கும்."

"எறங்கும்போது?"

"எறங்கும்போது மூணரைதான். பாரம் இருந்தா அவ்வளவா துள்ளாது. வலிச்சா வலிக்கட்டும். நிரப்பாம அவனைக் கிளம்ப விடமாட்டேன்." அவர் கடைசிச் சக்கரத்துக்கு வந்திருந்தார். கோட்டை மெதுவாக இழுத்தார். "ஒண்ணரையிலேருந்து ஆறு சக்கரத்துக்கும் நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? அந்த லாரி கம்ப்ரஸருக்கு முக்கால் மணி நேரம். ஒரு நிமிஷம் கொறையாது."

"அதுவரைக்கும்?"

"பெஞ்சு இருக்குல்ல."

லாரியின் பக்கச் சட்டத்தைப் பிடித்து எழுந்தார். எழுந்ததும், சாலையில் யாராவது வருகிறார்களா என்று ஆளே மொத்தமாக அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி என் பக்கம் திரும்பினார்.

"ஆனா காத்தை எறக்கச் சொல்லி நான் அவன்கிட்ட எந்த வாயால சொல்றது? நீ சொல்லும்மா. ஒனக்கு முதுகு வலின்னு சொல்லு."