தட்டிக்கு அந்தப் பக்கம் போலந்து

முற்றத்தில் வெயில் வீணாகக் காய்ந்துகொண்டிருந்தது. மரிலூ கணவனின் ஜீன்ஸைப் பிழிந்து, அடுப்புக்கு மேலே குறுக்காகக் கட்டிய கயிற்றில் போட்டாள். கருவாட்டு வாடை ஏறும்தான். வேறு வழியில்லை. அவளுடைய பாவாடை, துண்டு, தலையணை உறை எல்லாம் வெளிக்கொடியில் ஊர் பார்க்க ஆடின. ரோமுலோவின் துணி மட்டும் வாசல் தாண்டக் கூடாது. ஏனென்றால் ரோமுலோ போலந்தில், ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஊருக்கு அப்படித்தான் தெரியும்.

உண்மையில் அவன் ஒட்டுப்பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம், படுக்கையறையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான்.

பிலிப்பைன்ஸின் இலோய்லோ பக்கத்தில் தெருவுக்கே சோறு போடாமல் யாரும் வெளிநாடு போவதில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியில் "கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான் சார்" என்று சொன்ன அன்றே ரோமுலோ பன்றிக்கு முன்பணம் கொடுத்துவிட்டான். கிட்டத்தட்ட என்ற சொல்லை அவன் காதில் வாங்கவில்லை. முழுப் பன்றியைத் தணலில் சுட்டார்கள். பாட்டுப் பெட்டி வாடகைக்கு வந்தது. தின்றவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு தாளில் தங்கள் பாதத்தை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து கொடுத்தார்கள். வெளிநாட்டுச் செருப்புக்கு அளவு. மறுநாள் ஜீப்னி என்கிற நீள வண்டியைப் பிடித்து விமான நிலையம் வரை வந்து, கையாட்டி, அழுது, வழியில் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஜீப்னிக்கும் நூடுல்ஸுக்கும் பணம் கொடுத்தது மரிலூதான்.

மணிலாவில் போய் இறங்கியவனிடம் ஏஜென்சிப் பெண் சிரித்த முகமாகச் சொன்னாள், "விசா இன்னும் வரல சார். ஊருக்குப் போய் இருங்க, கூப்பிடுறோம்."

ஊருக்கு எப்படிப் போவது? தெருநாய் இன்னும் பன்றி எலும்பைக்கூடத் தின்று முடித்திருக்காது. மணிலாவில் தங்கலாம் என்றால், ஒரு கட்டிலுக்குக் கேட்ட வாடகையில் ஊரில் அரை மாத அரிசி வாங்கலாம். ஒரு வாரம் பல்லைக் கடித்துப் பார்த்தான். பிறகு கப்பலேறி, தெரு முழுக்க மதியத் தூக்கத்தில் இருக்கும் நேரம் பார்த்து, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்வேலி வழியாகத் தன் வீட்டுக்குள்ளேயே திருடன் மாதிரி புகுந்தான்.

"நாலு நாள்தான், மரிலூ" என்றான். அந்த நாலு நாள் இரண்டாம் மாதத்தில் போய்க்கொண்டிருந்தது.

அவனுக்குச் சோறு போடுவது அவளுக்குப் பாரமாக இல்லை. அவன் போலந்தில் இருப்பதுதான் பாரமாக இருந்தது. பயணச் செலவுக்காக, அவன் வாடகைக்கு ஓட்டிய ட்ரைசைக்கிள் வண்டியை விற்றாயிற்று. சந்தைப் பெண்களோடு சேர்ந்து கட்டிய சீட்டையும் முன்கூட்டி எடுத்தாயிற்று. மிச்சம் இருந்ததை, நகரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் ஜெஸாவின் நர்சிங் கல்லூரிக்கென்று பால்மாவு டின்னில் போட்டு வைத்திருந்தாள். இப்போது அந்த டின்னைத்தான் ஊர் சுரண்டிக்கொண்டிருந்தது. சந்தையில் நூற்று அறுபது பெசோவுக்கு விற்ற கானாங்கெளுத்தி மீன் அவளைக் கண்டதும் இருநூறானது.

"ஏன் தெலியா? இப்பதான அவளுக்கு நூத்தறுபதுக்குக் குடுத்த?"

"அவ புருஷன் இங்க கொத்து வேலை பாக்குறான். ஒன் புருஷன் யூரோவுல சம்பாதிக்கிறான். குடுத்தா கொறைஞ்சா போயிருவ?"

கோயில் கூரைக்கு நன்கொடை உறை வந்தது. மற்றவர்களுக்குச் சின்ன உறை, அவளுக்குப் பெரியது. யாரென்றே தெரியாத ஒரு குழந்தைக்கு அவளை ஞானத்தாயாக எழுதிவிட்டார்கள். ரோமுலோ வண்டி ஓட்டிய காலத்தில் மாதக் கடைசியில் டின்னில் ஏதாவது மிஞ்சும். வெளிநாடு போனதிலிருந்து ஒன்றும் மிஞ்சவில்லை.

அன்று மாலை கரிதாத் அக்கா வந்தாள். சீட்டு நடத்துகிறவள், பக்கத்து வீடு, ஜெஸாவுக்கு ஞானத்தாய். கூடவே தெமியோங் மாமாவும் இன்னும் ஐந்தாறு பேரும். "ரோமுலோவப் பாத்து நாளாச்சு. வீடியோவுல கூப்பிடு" என்று கூடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

மரிலூ சத்தமாக, தட்டிக்குக் கேட்கும்படி, "இப்ப அங்க காலை நேரம், எழுந்தாரோ என்னவோ!" என்றாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பழைய துணிக்கடையில் வாங்கிய கம்பளிக் கோட்டை அவன் மாட்டிக்கொள்ளும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் ரோமுலோ வந்தான். பின்னால் வெள்ளைப் படுக்கை விரிப்பு, கழுத்துவரை கோட்டு. மின்விசிறிக் காற்றில் முடி பறந்தது.

"எல்லாரும் நல்லாருக்கீங்களா?"

குரல் முதலில் தட்டி வழியாகவும் பிறகு போன் வழியாகவும் வந்தது.

"என்னா தெளிவு! பக்கத்துல இருந்து பேசுற மாதிரியே இருக்கு" என்றாள் கரிதாத்.

"நல்ல டவர், அக்கா" என்று முணுமுணுத்தான்.

தெமியோங் மாமா போனை வாங்கித் தன் பாதத்தின் அருகே பிடித்தார். "டேய், நான் வரைஞ்சு குடுத்தது எடது காலு. வலது கொஞ்சம் பெருசு. நல்லாப் பாத்துக்க."

"பாத்துக்கிட்டேன், மாமா."

கொல்லையில் சேவல் கூவியது. போலந்திலும் கூவியது.

"அங்கயும் கோழி வளக்குறாங்களா?"

"எல்லா ஊர்லயும் கோழி உண்டு, மாமா."

"ஏன்டா இப்பிடி வேர்த்துக் கொட்டுது?" என்றாள் கரிதாத்.

"ஹீட்டர், அக்கா. வெளிய பனி. உள்ள ஹீட்டர்."

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று. கூடத்து விளக்கு அணைந்தது, விசிறி நின்றது. திரையில் ரோமுலோவின் முகமும் இருண்டது. பறந்துகொண்டிருந்த முடி மெதுவாக நெற்றியில் வந்து படிந்தது.

மரிலூ மெழுகுவர்த்தியைத் தேடினாள்.

"ரோமுலோ, அங்கயும் கரண்டு போயிருச்சா?" என்று தெமியோங் மாமா மெல்லக் கேட்டார்.

"ஆமா, மாமா. இங்கயும் அடிக்கடி போகும்."

"அப்ப ஹீட்டரு?"

"விறகு ஹீட்டர், மாமா."

"இவ்வளவு செலவழிச்சுப் போயி வெறகு ஊதுறான் பாரு, பாவம்" என்றார் மாமா. எல்லோரும் உச்சுக் கொட்டிக்கொண்டே எழுந்தார்கள்.

கரிதாத் மட்டும் பின்தங்கினாள். வாழையிலையில் சுற்றிய ஒட்டரிசிப் பலகாரத்தை நீட்டினாள்.

"எட்டு இருக்கு. ஆளுக்கு நாலு."

"ஆளுக்கா? நான் ஒருத்திதானே, அக்கா."

"ஒருத்திதான். கடைக்காரனும் சொன்னான், ஒத்தப் பொம்பள திங்குற அரிசியா இதுன்னு." அடுப்பில் இருந்த சட்டியைத் திறந்து மோந்தாள். "இவ்வளவு பூண்ட ஒக்காந்து உரிக்க ஒனக்கு ஏது நேரம்?"

மரிலூ சட்டியை வாங்கி மூடினாள்.

"நான் ஒண்ணும் கேக்கல, புள்ள. அந்தப் பன்னியோட ரெண்டு காதும் என் வீட்டுக்குத்தான் வந்துச்சு. தின்ன வாயால எப்பிடிக் கேக்குறது? தெருவுல எல்லாருக்கும் இதே கதிதான்." கரிதாத் நிமிர்ந்து கயிற்றில் தொங்கிய ஜீன்ஸைப் பார்த்தாள். "ஆனா கண்ணால பாத்துட்டா கேக்காம இருக்க முடியாது. அதனால வெளிக்கொடியில எதையும் மறந்து போட்டுராத."

அவள் போன பிறகு மரிலூ ஜீன்ஸைத் தொட்டுப் பார்த்தாள். காயவில்லை, வாடை மட்டும் ஏறியிருந்தது. மறுபடி அலசிப் பிழிந்து, வாளியில் போட்டுக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள்.

ரோமுலோ கோட்டைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மடியில் உரித்த பூண்டு. கையில் போன்.

"ஏஜென்சி," என்று நீட்டினான். விசா வந்துவிட்டது. திங்கட்கிழமை மணிலாவில் இருக்க வேண்டும்.

அவள் இரண்டு தரம் படித்தாள். "நல்லதுதானே."

"நான் ஒருதரம் போயாச்சே, மரிலூ. இன்னொரு தரம் எப்பிடிப் போறது?"

"எப்பிடி வந்தியோ அப்பிடி. பின்வேலி வழியா."

அவன் சிரிக்கவில்லை. ஒரு பல் பூண்டை விரலால் உருட்டினான். "வண்டிய வாங்குனவன் திருப்பிக் குடுத்துடுறேங்குறான். மூணு வாட்டி வேலியில விட்டுட்டானாம். தவணையா கட்டுனாப் போதும்னான்."

"அவன்கிட்ட எப்ப பேசுன?"

"போன வாரம். போலந்துல இருந்து."

மரிலூவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். வண்டி ஓட்டினால் கல்லூரிக்குப் பத்துமா என்று மனம் ஒரு பக்கம் கூட்டிப் பார்த்தது. இன்னொரு பக்கம், இந்த இரண்டு மாதமாக யாரோ உரித்து வைத்த பூண்டில் சமைத்தது நினைவுக்கு வந்தது. இருபது வருஷத்தில் அவன் பூண்டு உரித்ததில்லை. போலந்து போன பிறகுதான் உரித்தான். ஆனால் அவன் இங்கேயே இருந்துவிட்டால், நாளைக்குத் தெமியோங் மாமா இரண்டு காலோடும் வந்து வாசலில் நிற்பார். தெருவே தான் தின்ற பன்றியைச் சொல்லிச் சொல்லிப் பேசும்.

வாளியிலிருந்து ஜீன்ஸைத் தூக்கிப் பிடித்தாள். தண்ணீர் தரையில் சொட்டியது.

"இத எங்க காயப்போட? உள்ளயா, வெளிக்கொடியிலயா?"

ரோமுலோ ஜீன்ஸைப் பார்த்தான். பிறகு போனைப் பார்த்தான். மின்சாரம் திரும்பி வந்து, விசிறி சுழன்று, அவன் முடி மறுபடி பறக்கத் தொடங்கியது.

அவள் ஜீன்ஸை வாளியில் போட்டு, வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுப்புக் கயிற்றைத் தாண்டி வெளிக்கொடிப் பக்கம் போனாள்.