ஈரம் பட்ட கிழங்கு

வேலைக்கு வந்த ஈஸ்வரி பூப்பண்ணையின் கேட்டைத் திறந்ததும் மூக்கை உறிஞ்சினாள். பசுமைக்குடிலிலிருந்து ஈர மண் வாசனை வந்தது. பங்குனியில் அங்கே வரக்கூடாத வாசனை.

உள்ளே ஃப்ரீசியா பாத்திகள். குளிர்தேசத்துப் பூ, ஊத்துக்கோட்டைச் சூட்டில் பெரிய மின்விசிறிகளின் தயவால்தான் மாசியில் பூத்தது. பூ முடிந்ததும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். இலை பழுத்துக் காயும்; மண்ணுக்குள் சின்ன வெங்காயம் போன்ற கிழங்குகள் அடுத்த பருவம்வரை தூங்கும். அந்த நேரத்தில் நனைந்தால் அழுகல்தான்.

பாத்தியோரம் அவள் புருஷன் பச்சையப்பன் பைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நெல் வயலிலேயே வளர்ந்தவன்.

"இன்னாய்யா பண்ணிக்கினு கீற?"

"எலயெல்லாம் மஞ்சளா பூட்ச்சிமே. எளாவூர் கல்யாணத்துக்குப் போன குஷில தண்ணி வுட மறந்துட்டே போல. நான்தான் நல்லா பாய்ச்சி வுட்டேன்."

"இது இன்னா நாத்தங்காலாய்யா? அய்யோ!"

முதலாளி மதிவாணன் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார். கூடவே, இடத்தைக் குடோனாகக் கேட்கும் கம்பெனிக்காரர். கிழங்கு பிழைத்தால் மறுபடியும் பூ, இல்லையென்றால் குடோன் என்பது அவர் முடிவு. குடோன் என்றால் ஈஸ்வரிக்குப் பழையபடி கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை வேன், தகடு அழுத்தும் பிரஸ் மெஷின். பக்கத்தில் நின்றவளின் இரண்டு விரல்களை அது நசுக்கியதை அவள் பார்த்திருக்கிறாள்.

மண்ணைக் கையால் பறித்தாள். முதல் கிழங்கு கெட்டி. அடுத்ததை அமுக்கினாள், தோல் வழுக்கி, விரல் உள்ளே போனது.

"குந்தி தோண்டுய்யா! எல்லாத்தயும் வெளிய எடுக்கணும்!"

முதலாளி வந்தபோது கோணிகளின்மேல் கிழங்குகள் காய்ந்துகொண்டிருந்தன. ஈஸ்வரி அழுகியவற்றையே முதலில் நீட்டினாள்.

"தண்ணி பாஞ்சிடுச்சு சார். இதெல்லாம் போச்சு."

"மிச்சம்?"

"இப்ப கெட்டியாத்தான் கீது. உள்ள அழுகல் ஏறியிருந்தா ரெண்டு நாள்ல கொழகொழன்னு ஆயிடும்."

அவர் கம்பெனிக்காரரைப் பார்த்தார். "ரெண்டு நாள் பொறுங்க. அப்புறம் சொல்றேன்."

இரண்டாம் நாள் காலை கோணியின் முன் குந்தியவளுக்குக் கை நீளவில்லை. பெருவிரலை முந்தானையில் சுருட்டிக்கொண்டாள்.

"நீயே அமுக்கிப் பாருய்யா," என்று கண்ணை மூடினாள்.

பச்சையப்பன் மூச்சு விடுவது கேட்டது.

"கெட்டி."

"அடுத்தது?"