கிளெம் வவுல்ஸின் கல் ஆப்பிள்

கிளெம் வவுல்ஸின் மூக்கு இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அதை முதலில் உடைத்தது அவன் தம்பி. வேகவைத்துத் தின்ன எந்த ஆப்பிள் உசத்தி என்று பேச ஆரம்பித்தவர்கள், பேச்சு போதாமல் கரண்டிக்குப் போனார்கள். அடுத்த தடவை உடைத்தவர் தேவாலயத்தில் மணியடிக்கிறவர். அவருடைய ஆப்பிளை ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தைக் கிளெம் அவர் நாய்க்குப் போட்டான். நாய் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது. நியாயமாகப் பார்த்தால் அடி நாய்க்குத்தான் விழுந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் நெதர்கோம்ப்பில் அரசியலுக்காகவோ மதத்துக்காகவோ யாரும் கை ஓங்கியதில்லை. ஓட்டுப் போட்டுவிட்டு வீடு திரும்புவதற்குள் யாருக்குப் போட்டோம் என்பதை மறந்துவிடுகிற சாதுக்கள் நாங்கள். ஆப்பிள் என்று வந்தால் மட்டும் சாமர்செட் மாவட்டம் முழுக்க எங்களைப் பார்த்து ஒதுங்கி நடக்கும். அப்போதும் மரியாதை தவற மாட்டோம். ஆணோ பெண்ணோ, தெரிந்தவரோ தெரியாதவரோ, எங்கள் பக்கம் எல்லோரும் எல்லோருக்கும் "கண்ணு"தான். "கொஞ்சம் வெளிய வா கண்ணு" என்று ஒருவர் கூப்பிட்டால், பல்செட் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது.

கிளெமுக்கு வேலை, ஆப்பிள் கள் இறக்குகிற ஆலையில் லாரியிலிருந்து ஆப்பிளை வாரித் தள்ளுவது. மனைவி மேவிஸ் கோழி வளர்ப்பவள். பிள்ளை இல்லை. தம்பி கரண்டிச் சண்டைக்குப் பிறகு கனடா போனவன், அங்கேயே மண்ணுக்குள் போய்விட்டான். ஆக, வவுல்ஸ் என்ற பெயர் கிளெமோடு சரி. இதை அவன் யாரிடமும் சொல்லிப் புலம்பியதில்லை. ஆனால் கள் உள்ளே போனால், மதுக்கடைச் சுவரில் தொங்கும் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பான். வருஷா வருஷம் ருசிப் பந்தயத்தில் ஜெயித்த ஆப்பிள்களின் பெயர் அதில் இருக்கும். பாதி ஆப்பிள்களுக்கு அவற்றை முதலில் வளர்த்தவர்களின் பெயர்தான். அந்த ஆசாமிகள் செத்து மக்கிப்போய்விட்டார்கள். பெயர் மட்டும் வருஷா வருஷம் ரொட்டியோடும் பாலாடைக்கட்டியோடும் மேசைக்கு வந்துகொண்டிருக்கிறது.

கிளெமின் கொல்லையில், கழிவுநீர் இறங்குகிற இடத்தில், ஒரு ஆப்பிள் மரம் தானாக முளைத்து நின்றது. யாரோ கடித்து எறிந்த ஆப்பிளின் விதை. விதையிலிருந்து வருகிற ஆப்பிள் ஒருநாளும் தாயைக் கொண்டிருக்காது. ஒவ்வொரு விதையும் ஒரு புது ஆப்பிள். அதிலும் பெரும்பாலானவை பன்றிகூடத் திரும்பிப் பார்க்காத ஆப்பிள். அதனால்தான் நல்ல மரமென்றால் அதன் குச்சியை வெட்டி ஒட்டுக் கட்டுவது. கொல்லையில் நின்ற அந்த மரத்துக்கு உலகத்தில் ஜோடி கிடையாது. அது ஜெயித்தால், பலகையில் "வவுல்ஸ்". மரம் காய்த்த முதல் வருஷமே கிளெம் அதைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தான். அதோடு நிற்காமல், மதுக்கடைக்காரி ஹெஸ்டர் முன்னால் சத்தியமும் பண்ணினான்.

"தோத்துச்சுன்னா மறுநாளே அந்த மரத்த வேரோட சாய்ச்சுடறேன்."

"எதுக்குக் கண்ணு அதெல்லாம்? மரம் என்ன பண்ணுச்சு உன்ன?" என்றாள் ஹெஸ்டர்.

"சொன்னா சொன்னதுதான்."

சொன்ன சொல் தவறாதவன் கிளெம். ஊரில் இத்தனை சேதம் விளைவித்த நற்குணம் வேறொன்று இல்லை.

பந்தயம் அக்டோபரில், மதுக்கடைக்குப் பின்னால் மரக்குண்டு உருட்டி ஆடுகிற நீளக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியம். தலைமை ருசிகர் ரோலண்ட் கீர்ல். முன்பு மாட்டு ஏலம் விட்டவர். வாயைத் திறந்தால் மூட அரைமணி ஆகும். தட்டுகளில் துண்டு போட்டு வைத்திருப்பார்கள். ரோலண்ட் கண்ணை மூடி மென்று, வாளியில் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். துப்புகிற சத்தத்தை வைத்தே சிலர் சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

முதல் தட்டு, செப்டம்பரிலேயே பழுத்துவிடுகிற சிவப்பு. "மாவு" என்றார் ரோலண்ட். "மழையில நனைஞ்ச மாவு. போன மாசம் கொண்டாந்திருந்தா முத்தம் குடுத்திருப்பேன்."

அடுத்தது தோல் சொரசொரத்த ரசெட் ஜாதி. "வெளிய முரடு, உள்ள நல்ல மனசு. பருப்பு வாசன வருது. எங்க அத்த மாதிரி."

"உங்க அத்த என்னைக் கடிச்சிருக்கா பெருசு. நல்ல மனசெல்லாம் ஒண்ணும் தெரியல" என்றது பின்வரிசை.

ஆஷ்மீட் என்ற பழைய ஜாதி முதலில் புளித்து, அப்புறம் பேரிக்காயாக மாறி, தொண்டையில் இறங்கும்போது தேனாக முடிந்தது. ரோலண்ட் அதைத் துப்பவில்லை, விழுங்கினார். கூடத்தில் பெருமூச்சு. கள்ளுக்கு மட்டுமே ஆகிற கறுத்த ஆப்பிளை எவனோ தட்டில் வைத்திருந்தான். அது நாக்கை இறுக்கிப் பிடித்ததில் ரோலண்ட் பேச்சு நின்றது. அந்த ஒரு நிமிஷத்துக்காக அதற்கே பரிசு தரலாம் என்று பலருக்குத் தோன்றியது.

கடைசியாகக் கிளெமின் தட்டு. பச்சை உடம்பு, ஒரு கன்னத்தில் மட்டும் பழுப்பு. ஹெஸ்டர் பன்றித்தொடை அறுக்கிற கத்தியால் நறுக்கியும் கத்தி வழுக்கியது.

"கிளெம் கண்ணு, இது ஆப்பிளா, கதவுக் குமிழா?"

"மென்னு பாருங்க."

ரோலண்ட் மென்றார். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வாளி அதிர்ந்தது. "புளிப்பு. அதுக்குப் பின்னால புளிப்பு. அதுக்கும் பின்னால எங்க மாமியா நிக்கிறா."

கூடம் குலுங்கிச் சிரித்தது. "கடேசி" என்றார் ரோலண்ட். பிறகு எல்லோரும் மரக்குண்டு உருட்டுகிற பக்கம் போய் வரிசையாக நின்றார்கள்.

எங்களூர் வழக்கம் இது. கடைசியாக வருகிற ஆப்பிளின் சொந்தக்காரன் கூடத்தின் மறுகோடியில் நிற்க வேண்டும். அவன் கொண்டுவந்த ஆப்பிளாலேயே ஊர் அவனை அடிக்கும். கை இரண்டும் பைக்குள். குனியக் கூடாது, விலகக் கூடாது. ஹெஸ்டர் மணி அடிக்கும்வரை திருப்பித் தாக்கக் கூடாது. மாவு ஆப்பிளோடு வந்தவன் சட்டையைத் துவைத்தால் போதும். கிளெமின் ஆப்பிளோ கருங்கல்.

முதல் அடி தோளில். அடுத்தது விலாவில், கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள், ஆனால் எறிவதை நிறுத்தவில்லை. மணியடிக்கிறவர் வீசியது உதட்டைக் கிழித்தது. கிளெம் இரத்தத்தைத் துப்பிவிட்டு, "இன்னும் பலமாப் போடு கண்ணு, கொசு உக்காந்த மாதிரி இருக்கு" என்றான். ரோலண்ட் சாவகாசமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏல மேடையில் சுத்தியல் வீசிப் பழகிய கையால் விட்டார். புருவம் பிளந்தது. கண்ணுக்குள் இரத்தம் இறங்கியும் கிளெம் கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

ஹெஸ்டர் மணி அடித்தாள்.

அதன் பிறகு நடந்ததை ஒழுங்காக வரிசைப்படுத்த முடியாது. மணியடிக்கிறவர் வாளிக்குள் தலைகீழாக இருந்தார். பெஞ்சு ஒன்று இரண்டாயிற்று. தடுக்கப் போன போதகரை யாரோ குத்தினார்கள். அவரும் ஆப்பிள் வைத்திருந்தார் என்பதால் அதை மதவிரோதம் என்று சொல்ல முடியாது. ரோலண்டின் சட்டைக் காலரைக் கிளெம் பிடித்தபோது அவர், "தீர்ப்ப அடிச்சு மாத்த முடியாது தம்பி" என்றார். "மாத்தச் சொல்லல. வாங்கிக்க" என்றான் கிளெம். ரோலண்ட் சுவரில் சாய்ந்தபடி கீழே இறங்கினார்.

மறுநாள் காலை மோட்டார் ரம்பத்தோடு அவன் கொல்லைக்கு வந்தபோது மேவிஸ் குறுக்கே நின்றாள். கையில் மண்வெட்டி.

"ஒரு கிழவன் துப்பினான்னு மரத்த வெட்டுவியா?"

"சொன்ன சொல்லு."

"என்கிட்டகூடத்தான் சொல்லியிருக்க, கூரைய சரி பண்றேன்னு. அது சொல்லில்லையா?"

கிளெம் ரம்பத்தைக் கிளப்பினான். மேவிஸ் மண்வெட்டியைத் திருப்பி அவன் முழங்காலில் ஒன்று வைத்தாள். நொண்டிக்கொண்டே அறுத்தான். புருவம் வீங்கி ஒற்றைக் கண்ணால் அளந்ததாலோ என்னவோ, மரம் அவன் நினைத்த பக்கம் விழாமல் கோழிக்கூண்டின் மேல் விழுந்தது. உள்ளே இருந்தவற்றில் பிழைத்தது ஒரு சேவல். அதுவும் அதற்கப்புறம் கூவவில்லை. மேவிஸ் அன்றைக்கு இறகு பறித்துக்கொண்டே அவனைத் திட்டிய திட்டுகளைக் கேட்க அடுத்த தெருக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வேரைப் பிடுங்க டிராக்டர் கேட்டுப் போனான். முழங்கால் வீங்கி ஓட்ட முடியாமல், அடிக்கட்டை அப்படியே நின்றுவிட்டது. விறகை ஹெஸ்டர் கடைக்கு அனுப்பிவிட்டான். அவன் கண்ணெதிரே எரியக் கூடாது என்பது மட்டும்தான் அவன் கேட்டது.

ஜனவரியில், கிறிஸ்துமஸ் அலங்காரத்தை எல்லாம் இறக்குகிற நாளில், ஊரே துப்பாக்கியோடு தோப்புக்குப் போகும். மரத்தின் காலில் கள் ஊற்றி, கிளைகளுக்கு மேலே சுட்டு, தூங்குகிற மரங்களை எழுப்புவோம். போவதற்கு முன் மதியம் ஹெஸ்டர் கடையில் பன்றிக்கறி. சுடச்சுட அதோடு சேர்க்க ஆப்பிள் தேடியவள் நிலவறைக்குப் போனாள். பந்தயத்தன்று தரையில் கிடந்ததை எல்லாம் கூட்டிப் பன்றிக்கென்று ஒரு பெட்டியில் போட்டிருந்தாள். மற்ற வருஷங்களில் அடிபட்ட ஆப்பிள் மறுநாளே அழுகிவிடும். இது, மனித மண்டையில் மோதியும் ஒரு கன்றல் இல்லாமல், மஞ்சள் பூத்து உட்கார்ந்திருந்தது.

அவள் ஒன்றை நறுக்கியதும் அன்னாசியும் கிராம்பும் கலந்த மாதிரி ஒரு வாசம் கடை முழுக்கப் பரவியது. துப்பாக்கிகளைச் சாய்த்து வைத்துவிட்டு ஆளுக்கொரு துண்டு எடுத்தோம். புளிப்பு இருந்தது, ஆனால் அது இப்போது தேனைத் தூக்கிப் பிடிப்பதற்காக நின்றது. ஆஷ்மீட் அதன் பக்கத்தில் வெறும் தண்ணீர்.

"வச்சுத் தின்ற ஆப்பிளா இது" என்றார் மணியடிக்கிறவர், மெதுவாக. வைத்துத் தின்கிற ஜாதி என்று உண்டு, அக்டோபரில் கல், ஜனவரியில் அமிர்தம் என்பதெல்லாம் எங்களூரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். எறிகிற அவசரத்தில் எங்களில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. அடுப்பில் ஈர விறகு சீறிக்கொண்டிருந்தது. அது எந்த மரத்து விறகு என்று ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள்.

கிளெமைக் கூட்டிவந்தார்கள். அவன் ஒரு துண்டை வாயில் போட்டான். மென்றான். அவன் அழுவதைப் பார்த்ததாகச் சிலர் சொல்கிறார்கள். நான் பார்த்தது தாடை இறுகியதை மட்டும்.

"மிச்சம் எத்தன இருக்கு?"

"அரைப் பெட்டி கண்ணு" என்றாள் ஹெஸ்டர்.

"பெருச கூடத்துக் கோடியில நிக்கச் சொல்லு."

ரோலண்ட் எழுந்தார். "தம்பி, வழக்கத்துல அப்படி இல்ல."

"இனிமே உண்டு."

ஊரே ஒத்துக்கொண்டது. எங்கள் நியாய உணர்ச்சி அப்படி. அதோடு அவருடைய தீர்ப்புரைகளை வருஷக்கணக்காகக் கேட்டவர்கள் நாங்கள். ஹெஸ்டர் மட்டும், "எறிஞ்சா அவ்வளவுதான் கண்ணு, உலகத்துலயே வேற கெடையாது" என்றாள். கிளெம் ஒரு கணம் ஆப்பிளைக் கையில் உருட்டினான். தின்னலாம், எறியலாம். வவுல்ஸ் வம்சத்தில் இந்தக் கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான்.

ரோலண்ட் கையைப் பையில் விட்டுக்கொண்டு நின்றார். அதைச் சொல்லியாக வேண்டும். முதல் ஆப்பிள் காறை எலும்பில் விழுந்தது. அது முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பழுத்த ஆப்பிள்கள் இப்போது உடைந்தன. சாறு சுவரில் வழிந்தது. சிதறிய துண்டுகளுக்காகப் போதகரும் மணியடிக்கிறவரும் பெஞ்சடியில் தவழ்ந்து ஒருவர் கையை ஒருவர் மிதித்தார்கள். கடைசி ஆப்பிள் நேராக வாயில். முன்பல் ஒன்று ஆப்பிள் சதையோடு சேர்ந்து உள்ளே போனது. ரோலண்ட் கண்ணை மூடினார். மென்றார். பல்லைத் துப்பினார், ஆப்பிளை விழுங்கினார்.

"மொத எடம்" என்றார். "பேரு சொல்லு."

"வவுல்ஸ்."

பலகையில் எழுதியாயிற்று. அப்படியொரு ஆப்பிள் பூமியில் இல்லை என்பது மட்டும்தான் குறை.

மே மாதம் கொல்லையில் மேவிஸ் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். அடிக்கட்டையின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு நாலைந்து துளிர். ஒட்டுக் கட்டாமல் தன் வேரில் நின்ற மரம். துளிர்த்தால் அதே ஆப்பிள்தான். அன்றிலிருந்து கிளெம் அங்கேயே நாற்காலி போட்டுத் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறான். முயல்கள் பல செத்தன. பக்கத்து வீட்டு ஆடு பிழைத்தது, காது ஒன்று குறைவாக.

இன்னும் அவிழ்க்காத தோள்கட்டோடு ரோலண்ட் வந்து வேலிக்கு வெளியே நின்றார்.

"குளிர் வந்ததும் ஒரு குச்சி குடு தம்பி. ஒட்டுக் கட்டி வைக்கிறேன். ஒரே எடத்துல இருந்தா ஆபத்து. உன் கோவம் எனக்குத் தெரியும்."

கிளெம் துப்பாக்கியை மடியில் மாற்றி வைத்தான். "காய்க்க எத்தன வருஷம்?"

"ஆறு, ஏழு."

"உங்களுக்கு வயசு?"

"எம்பது தாண்டியாச்சு."

"அப்ப உடம்பப் பாத்துக்கங்க பெருசு. அக்டோபர்ல துப்புனதுக்கு இன்னும் பாக்கி இருக்கு. காய்க்கிற வருஷம் ஜனவரியில நீங்களே மென்னு சொல்லணும்."

ரோலண்ட் அன்று மாலையே புகைக்கிற பைப்பை அடுப்பில் போட்டுவிட்டார். தினமும் காலையில் குன்றேறி இறங்குகிறார். வழியில் கிளெமின் வேலியருகே நின்று துளிரை எண்ணுகிறார். உள்ளேயிருந்து கிளெம் துப்பாக்கியை லேசாக உயர்த்திக் காட்டுகிறான். எங்கள் பக்கம் அது காலை வணக்கம்.