கருக்குக் குத்தியது என்று நினைத்தோம்

என் மனைவி செல்வியின் இரத்தம் உறைய மறுத்த அந்த மாலையில் எனக்கு ஜெபிக்க வார்த்தை வரவில்லை. ஞாயிறு ஆராதனையில் நோயாளிகளின் பெயர்களை வாசித்து, சபையாரோடு சேர்ந்து அவர்களுக்காக ஜெபிக்கிறவன் நான். மற்றவர்களின் காய்ச்சலுக்கும் அறுவை சிகிச்சைக்கும் என்னிடம் வார்த்தை இருந்தது. தூத்துக்குடி பெரியாஸ்பத்திரியின் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றபோது ஒன்றுமே இல்லை. வசனம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

நான் ஒரு நாளிதழுக்கு எங்கள் வட்டாரச் செய்திகளை அனுப்புகிறவன். பார்த்ததை எழுதுவேன், பார்க்காததைக் கேட்டு உறுதி செய்துகொண்டு எழுதுவேன். இந்தச் சாட்சியையும் அப்படித்தான் எழுதுகிறேன். நான் இல்லாத இடத்தில் நடந்தவை செல்வியும் மருத்துவரும் சொன்னவை.

செல்வி கல்யாணத்துக்கு முன்பிருந்தே காயல்பட்டினம் பக்கத்து உப்பளங்களில் வேலை செய்கிறாள். மழைக்காலத்தில் உப்பு விளையாது. அதற்கு முன் வாரிய உப்பை மேட்டில் அம்பாரமாகக் குவித்து, மழையில் கரையாமல் இருக்கப் பனையோலையால் மூடி வைப்பார்கள். மார்கழியில் ஓலையைப் பிரித்து லாரியில் ஏற்றுவார்கள். பிரிப்பது பெண்களின் வேலை. பனை மட்டையின் இரண்டு ஓரங்களும் ரம்பம் போல இருக்கும். அதைக் கருக்கு என்போம். ஓலை பிரிக்கிற நாளில் கருக்குக் கிழிக்காத கையோடு எந்தப் பெண்ணும் வீடு திரும்புவதில்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை.

எங்கள் ஊருக்கு மேற்கே தேரி. கண்ணுக்கு எட்டிய தூரம் செம்மணல். அந்த மணல்காட்டில் சுருட்டை விரியன் உண்டு. சிறிய பாம்பு. மணலின் நிறம். மிதிபடுவதற்கு முன் அது சத்தம் கொடுக்கும். உடம்பை வளைத்துச் செதிலோடு செதில் தேய்க்கும்போது, சூடான சட்டியில் தண்ணீர் தெளித்தது போலக் கேட்கும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே அந்தச் சத்தத்துக்கு நிற்கவும் பழகிவிடுவார்கள். சத்தம் வந்தால் நில், சத்தம் இல்லையென்றால் பாம்பும் இல்லை. பெரியவர்களான பிறகும் நாங்கள் அப்படியே நம்பிக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம் மழை அதிகம். தேரிப் பள்ளங்களில் தண்ணீர் நின்றது. பாம்புகள் மேடு தேடி வந்திருக்க வேண்டும். மழை விட்டதும் குளிர் பிடித்துக்கொண்டது. எங்கள் கரைக்குக் குளிர் பழக்கமில்லை. கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் விடிந்த பிறகும் உப்பளத்தின் மேல் பனி மூடியிருந்தது. வரப்பில் நடந்து போகிறவரின் தலை தெரியும், கால் தெரியாது.

அப்படி ஒரு காலையில்தான் செல்வியும், அவளோடு எப்போதும் ஜோடியாக வேலை செய்யும் பாக்கியமும் ஓலை பிரித்தார்கள். பாக்கியம் எங்கள் சபைதான். செல்விக்கு மூத்தவர். வாய்த்துடுக்கு அதிகம், மனசும் அதிகம். செல்வி ஓலைக்கு அடியில் கை விட்டு மட்டையை இழுத்தபோது பெருவிரலுக்குப் பக்கத்தில் சுருக்கென்றது.

“ஏளா செல்வி, என்ன கைய உதறுத?”

“கருக்குக்கா. நல்லா எறங்கிட்டு.”

“கிறிஸ்மஸ் கறி தின்ன ஒடம்புதான? ரெண்டு சொட்டு போனா என்ன இப்பம்? ஓலைய இழு. லாரிக்காரன் நம்மளத்தான் பாக்கான்.”

“லாரிய பாக்கச் சொல்லுங்க. நம்மள எதுக்குப் பாக்கான்?”

இருவரும் சிரித்திருக்கிறார்கள். செல்வி முந்தானை ஓரத்தைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். கை மரத்துப்போனது குளிரால் என்று நினைத்தாள். துணி நனைந்துகொண்டே இருந்தது. உப்பு பட்டால் காயம் ஆறத் தாமதமாகும் என்று நினைத்தாள். வெற்றிலை போடுகிறவள் ஆனதால் சிவப்பாகத் துப்பியதை அவளும் கவனிக்கவில்லை, மற்றவர்களும் கவனிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் நியாயமான ஒரு காரணம் கையருகே இருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

கஞ்சி குடித்துவிட்டு மறுபடி வேலை தொடங்கினார்கள். அம்பாரத்தின் அடி வரிசை ஓலையைப் பாக்கியம் தூக்கினார். சுருட்டை அவர் விரலில் தொங்கியது. உதறியதும் உப்பின் மேல் விழுந்து, அப்போதும் ஓடாமல், சோர்ந்து கிடந்தது.

“சத்தமே குடுக்கலியே! இது சத்தமே குடுக்கலியே!” என்றுதான் பாக்கியம் கத்தினாராம்.

குளிரில் விறைத்த பாம்புக்குச் சத்தம் கொடுக்கத் தெம்பு இருக்காது, கடிக்க மட்டும் இருக்கும் என்று பிறகு மருத்துவர் சொன்னார்.

அப்போது நான் துறைமுகத்தில் இருந்தேன். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள், அந்தச் செய்திக்காகப் போயிருந்தேன். உப்பளத்துக் கங்காணி போனில் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, பாக்கியத்தச் சுருட்டை கடிச்சிட்டு. லாரியிலயே அனுப்பிட்டேன். உங்க வீட்ல கூடப் போறாவ.”

துணைக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டேன். உள்ளே நுழைந்தபோது ஒரு கட்டிலில் பாக்கியம் இருந்தார். அடுத்த கட்டிலில் என் மனைவி இருந்தாள்.

நடந்தது இதுதான். செல்விதான் பாக்கியத்தைக் கைத்தாங்கலாக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். மருத்துவர் இளம்பெண். அவர் பாக்கியத்தின் கையைப் பிடித்ததும் பாக்கியம் கையை இழுத்துக்கொண்டார்.

“டாக்டரம்மா, என்ன பொறவு பாருங்க. மொதல்ல இவளப் பாருங்க. இவளக் காலையிலயே கடிச்சிட்டு. கருக்குன்னு சொல்லுதா.”

“எக்கா, சும்மா கெடங்க. எனக்கு ஒண்ணுமில்ல.”

“வாயத் தொற நீ. டாக்டரம்மா, கஞ்சி குடிச்ச பொறவு இவ வெத்தல போடல, நாந்தான் பக்கத்துல இருந்தேன். லாரியில வரும்போது செவப்பாத் துப்புதா. வெத்தல போடாதவ எப்பிடிச் செவப்பாத் துப்புவா?”

மருத்துவர் செல்வியின் வாயில் விளக்கு அடித்துப் பார்த்தார். ஈறு முழுவதும் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. விரலில் சுற்றிய துணியை அவிழ்த்தார். கருக்குக் கிழித்தால் கோடாக இருக்கும். அங்கே இரண்டு புள்ளிகள் இருந்தன.

இருவரிடமும் இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அசையாமல் நிறுத்தி வைத்தார்கள். உரிய நேரத்துக்குப் பிறகு குழாயைச் சாய்ப்பார்கள். நல்ல இரத்தம் உறைந்து நிற்கும். விஷம் ஏறிய இரத்தம் ஓடும். செல்வியின் குழாயைச் சாய்த்தபோது நான் பக்கத்தில் நின்றேன். தண்ணீர் போல ஓடியது. பாக்கியத்தின் இரத்தமும் அப்படியே ஓடியது. இருவருக்கும் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். மாலையில் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். மறுபடி ஓடியது. “காலையில கடிச்சது, லேட்டாத்தான் வந்திருக்காங்க. இன்னும் மருந்து போடுறோம், பாக்கலாம்” என்றார் மருத்துவர். ‘பாக்கலாம்’ என்ற சொல்லை நான் பல ஆஸ்பத்திரி வாசல்களில் கேட்டு எழுதியிருக்கிறேன். அதன் பொருள் எனக்குத் தெரியும்.

அப்போதுதான் அந்தச் சுவரைப் பார்த்து நின்றேன்.

பாக்கியத்தின் கணவர் தங்கதுரை மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர். நனைந்த சட்டையோடு அப்படியே வந்திருந்தார். அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். என் கையைப் பிடித்தார். ஐஸ் பிடித்த கை, சில்லென்று இருந்தது. இருவருக்கும் பெரிய ஜெபம் வரவில்லை. “ஆண்டவரே, இரத்தம் உறையட்டும்” என்றேன். “உறையட்டும் ஆண்டவரே” என்றார் அவர். அவ்வளவுதான் எங்கள் ஜெபம். திரும்பத் திரும்ப அதையே சொன்னோம். அழுதோம். வார்டில் படுத்திருந்த யாரோ ஒருவரின் உறவினர் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

விடிந்து வெயில் ஜன்னலுக்கு வந்த நேரத்தில் மருத்துவர் இரண்டு குழாய்களையும் எடுத்தார். பாக்கியத்தின் குழாயைச் சாய்த்தார். நின்றது. செல்வியின் குழாயைச் சாய்த்தார். நான் கண்ணை மூடவில்லை. பார்த்தேன். நின்றது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தங்கதுரை கைகளை உயர்த்தி, வார்டு என்றும் பார்க்காமல், சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னார். பாக்கியம் கட்டிலில் இருந்தபடியே, “மெதுவா மனுசா, சீட்டக் கிழிச்சி வெளிய அனுப்பிருவாவ” என்றார். செல்வி சிரித்தாள். முதல் நாள் மதியத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

இந்த இடத்தில் என் சாட்சி முடிந்திருந்தால் அன்றைக்கே சபையில் எழுந்து சொல்லியிருப்பேன்.

அன்று மதியம் பாக்கியம் தலை வலிக்கிறது என்றார். அவருக்கு வெகுநாளாக இரத்தக் கொதிப்பு உண்டு. கொஞ்ச நேரத்தில் பேச்சு குழறியது. ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோனார்கள். தலைக்குள் முன்பே கசிவு தொடங்கியிருக்கிறது, இரத்தம் உறையத் தொடங்குவதற்கு முன்னால். மருத்துவர்கள் தங்களால் ஆன எல்லாவற்றையும் செய்தார்கள். நான் கூடவே நின்று பார்த்தேன், அதனால் சொல்கிறேன். பொழுது சாய்வதற்குள் பாக்கியம் போய்விட்டார்.

செல்வி அடுத்த கட்டிலில் இருந்து, “எக்காவ எங்க? இன்னும் கொண்டு வரலியா?” என்று கேட்டாள். ஊருக்கெல்லாம் செய்தி சொல்கிறவன், என் மனைவிக்கு அந்தச் செய்தியைச் சொல்ல முடியாமல் போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவளே புரிந்துகொண்டாள். சத்தம் போட்டு அழவில்லை. கட்டுப் போட்ட கையை வெறும் கட்டிலின் பக்கமாக நீட்டி வைத்துக்கொண்டாள்.

பத்திரிகைக்கும் நான்தான் அனுப்பினேன். பெயர், வயது, ஊர், உப்பளத்தில் வேலை செய்தபோது பாம்பு கடித்தது, சிகிச்சை பலனின்றி இறந்தார். அப்படித்தான் அச்சாகும், அப்படித்தான் அச்சானது. ‘முதலில் இவளைப் பாருங்கள்’ என்று அவர் சொன்னதற்கு அதில் இடமில்லை.

அதன்பின் ஒரு வருஷம் நான் சாட்சி சொல்லவில்லை. எங்கள் சபையில் வருஷ முடிவில் ஒவ்வொரு குடும்பமாக எழுந்து, பெற்ற நன்மைகளைச் சொல்லி நன்றி செலுத்துவார்கள். செல்வி உயிரோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் இரண்டு பெஞ்சு முன்னால் தங்கதுரை உட்கார்ந்திருக்கிறார். அவர் பக்கத்து இடம் காலி. ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று நான் எழுந்து சொன்னால், அவர் ஜெபத்தைக் கேட்கவில்லை என்று சொன்னது போல ஆகாதா? நாங்கள் கை பிடித்துச் சொன்னது ஒரே ஜெபம்.

போன மார்கழியில் ஒரு நாள் மதியம் தங்கதுரை எங்கள் வீட்டுக்கு வந்தார். செல்வி கொடுத்த காப்பியைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

“அண்ணாச்சி, நீங்க சாட்சி சொல்ல மாட்டேன்னுட்டியளாம். நம்ம சபை ஐயர் சொன்னாவ. எனக்காவவா?”

அவர் குடித்து வைத்த டம்ளரை எடுத்துச் செல்வியிடம் கொடுத்தேன்.

“நான் வருத்தப்படுவேன்னு நினைச்சிட்டிய. வருத்தந்தான், இல்லன்னு சொல்லல. ராத்திரி கதவ யாரு தட்டுனாலும் அவதான்னு எந்திரிக்கேன். ஆனா நீங்க வாய மூடிக்கிட்டா அவ செஞ்சது எங்க வரும்? கல்லறையில பேரும் தேதியுந்தான் போட்டிருக்கு. சொல்லுங்க அண்ணாச்சி. அவ பேரச் சேத்துச் சொல்லுங்க.”

செல்வி அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் அழுவது எங்கள் இருவருக்கும் கேட்டது.

ஆகவே சொல்கிறேன். ஆண்டவர் என் மனைவியை எனக்குத் திரும்பத் தந்தார். எங்கள் ஜெபத்துக்கான பதிலை, நாங்கள் ஜெபிக்க ஆரம்பிக்கும் முன்பே, பாக்கியத்தின் வாயில் வைத்திருந்தார். தன் விரலில் பாம்பின் பல் பதிந்த ஒரு பெண், இன்னொருத்தியின் எச்சிலின் நிறத்தைக் கவனித்தார். அந்தப் பார்வையை அவருக்குக் கொடுத்தவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பாக்கியத்தை ஏன் எங்களோடு விட்டுவைக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதிலில்லை. தெரியாததைத் தெரிந்தது போல எழுத என்னால் முடியாது. அழுதுகொண்டே நன்றி சொல்ல முடியும் என்று மட்டும் இந்த ஒரு வருஷத்தில் தெரிந்துகொண்டேன்.

இப்போது அந்த உப்பளத்தில் வெயில் ஏறும் முன் யாரும் ஓலையில் கை வைப்பதில்லை. நீளக் கம்பால் புரட்டிவிட்டுத்தான் தொடுகிறார்கள். கங்காணியிடம் பேசி இந்த வழக்கத்தைக் கேட்டு வாங்கியவள் செல்வி. அவள் அவ்வளவு பேசி நான் முன்பு பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் மூவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம். தங்கதுரை பகல் சாப்பாட்டுக்கு எங்களோடு வருவார்.

இதை வாசிக்கிறவர்களே, உங்கள் வீட்டில் யாராவது ஏதோ குத்தியது என்றால் அலட்சியம் செய்யாதீர்கள். உட்கார வைத்துப் பாருங்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போகிற வழியெல்லாம் ஜெபியுங்கள். வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை, அவர் கேட்கிறார். நான் கேட்டுப் பெற்றவன். அங்கே போய்ச் சேர்ந்ததும், பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவரின் பெயரைக் கேளுங்கள். உங்கள் ஆளுக்காக ஜெபிக்கும்போது அந்தப் பெயரையும் சொல்லுங்கள்.