இராவ் மலையில் சண்டைக்கு வந்த அக்கா

கோவிட் கட்டுப்பாடுகள் தளர்ந்து, மனிதர்கள் மறுபடியும் முகக்கவசம் இல்லாமல் ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கியிருந்த சமயம் அது. மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங் ஊருக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகி மலைக்குக் கீழே ஈப்போ நகருக்கு வந்து, இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கேண்டீன் நடத்துகிறேன். என் அண்ணன் மட்டும் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். பறித்த கொழுந்தைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப்போகும் லோரியை ஓட்டினார். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு நாள் எனக்குப் போன் செய்தார்.

"பாப்பா, இராவ் மலைக்கு கைடு வெச்சு ஆள் கூட்டிக்கிட்டுப் போறாங்களாம். நான் பேரு குடுக்கப் போறேன். நீயும் வரியா?"

எனக்கு ஐம்பது வயது. அண்ணனுக்கு நான் இன்னமும் பாப்பாதான்.

"என்னண்ணே திடீர்னு?"

"வெள்ளக்காரன், ஜப்பான்காரன் எல்லாம் ஏறிட்டு வந்து எங்கிட்ட டவுனுக்கு வழி கேக்கிறான். நான் இங்கயே பொறந்து, இந்த மலையைப் பாத்துக்கிட்டே லோரி ஓட்டினவன். ஒரு தடவகூட ஏறினதில்ல. வெக்கமா இருக்கு."

நான் உடனே சரி என்று சொல்லிவிட்டேன். மலை ஏறும் ஆசையெல்லாம் எனக்கு இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு அண்ணனும் நானும் ஒரு முழு நாளைச் சேர்ந்து கழித்ததே கிடையாது. அவர் ஈப்போவுக்கு வந்தால் காய்கறி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு வாய் கோப்பி குடித்து, மழை வருவதற்குள் மலை ஏற வேண்டும் என்று கிளம்பிவிடுவார். நான் மேலே போனால் என் பிள்ளைகள், அவர் பிள்ளைகள், அண்ணி, சமையல் என்று பொழுது போய்விடும்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "கேண்டீன் படி ஏறினாலே உனக்கு மூச்சு வாங்குது" என்றார். அந்தக் கோபத்திலேயே சில வாரம் தினமும் எங்கள் குடியிருப்பான தாமானைச் சுற்றி நடந்தேன்.

புறப்பட்ட அன்று காலையில் ஒரு ஜீப்பில் எங்களைத் தோட்டத்துச் சாலை வழியாக மேலே கொண்டுபோனார்கள். இருபுறமும் தேயிலைச் செடிகள் பனியில் நனைந்து கிடந்தன. எங்கள் அம்மா காலத்தில் கையால் கிள்ளிய கொழுந்தை இப்போது வங்காளதேசத்து ஆட்கள் இயந்திரத்தால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கையை வெளியே நீட்டி ஒவ்வொருவருக்கும் கையசைத்தார். அவர்களும், "பாய்! எங்க போறீங்க?" என்று மலாயில் கத்தினார்கள். அண்ணன் மலை உச்சியைக் காட்டினார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஜீப்பில் எங்களுடன் கோலாலம்பூரிலிருந்து வந்த கல்லூரி மாணவர்கள் சிலரும், அறுபதைத் தாண்டிய ஒரு சீனப் பெண்மணியும் இருந்தார்கள். ஒல்லியான உடம்பு. தோட்டக்காரர்கள் போடும் கறுப்பு ரப்பர் காலணி. அவரைப் பார்த்து, இவரால் ஏற முடியுமா என்று அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன்.

"என்னைப் பத்திதானே கேக்கிற?" என்றார் அந்த அம்மாள், நல்ல தோட்டத்துத் தமிழில். "மொதல்ல நீ ஏறு, அப்புறம் என்னைப் பாரு லா."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அக்காவின் அப்பா முன்பு இன்னொரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தாராம். கடைக்கு வந்த பிள்ளைகளோடு விளையாடி, சண்டை போட்டு வளர்ந்ததால் தமிழ் தானாக வந்துவிட்டது. இப்போது இதே மலையில் திரிங்காப் என்ற ஊரில் பூத்தோட்டம் வைத்திருக்கிறார். இராவ் உச்சிக்குப் போக இதற்கு முன் இரண்டு தடவை முயன்றிருக்கிறார். முதல் தடவை பெரிய மழை, திரும்பிவிட்டார்கள். அடுத்த தடவை பாதி வழியில், வீட்டில் கணவருக்கு முடியவில்லை என்று செய்தி வந்து இறங்கியிருக்கிறார். கணவர் பிழைக்கவில்லை.

"இந்தத் தடவ யாரு வந்து கூப்பிட்டாலும் எறங்க மாட்டேன்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

தேயிலை முடிந்த இடத்தில் காடு தொடங்கியது. அது நான் நினைத்த காடு இல்லை. மரமெல்லாம் பச்சைப் பாசியைப் போர்த்திக்கொண்டு நின்றன. பாதை என்று ஒன்று இல்லை, வேர்களும் சேறும்தான். ஒரு வேரைப் பிடித்து இன்னொரு வேரில் கால் வைத்து ஏற வேண்டும். சில இடங்களில் கயிறு கட்டியிருந்தார்கள். வழிகாட்டிகள் இருவர்; ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். கொஞ்ச தூரத்திலேயே ஒரு மாணவனுக்கு வாந்தி வந்து நிற்க முடியாமல் போக, பின்னால் வந்த வழிகாட்டி அவனை அழைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அண்ணனும் நானும் மெதுவாக ஏறினோம். அவர் எனக்கு முன்னால் போய், ஒவ்வொரு வேரையும் காலால் தட்டிப் பார்த்து, "இது நல்லா இருக்கு பாப்பா, வை" என்று சொல்லிக்கொண்டே போனார். மூச்சு வாங்கியபோதெல்லாம் சின்ன வயதுக் கதைகளைப் பேசினோம். அப்பா தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணியின் சைக்கிளை இரவல் வாங்கி, தேயிலைக்குள் விழுந்து எழுந்து வந்த கதையை அண்ணன் நடித்துக் காட்டினார்.

உச்சிக்கு இன்னும் ஒரு செங்குத்தான பகுதி பாக்கி இருந்தபோதுதான் அது நடந்தது. இரண்டு வேர்களுக்கு நடுவே என் கால் இறங்கிவிட்டது. உடம்பு ஒரு பக்கம் சாய, கணுக்கால் மறுபக்கம் முறுக்கிக்கொண்டது. காலைத் தரையில் ஊன்றினால் உயிர் போனது.

வழிகாட்டி காலைப் பார்த்தார். கட்டுப் போட்டார். பிறகு எல்லோரையும் பார்த்து மலாயில் மெதுவாகச் சொன்னார். என்னைத் தனியாக விட முடியாது; அனுபவம் இல்லாத மாணவர்களைத் தனியாக மேலே அனுப்பவும் முடியாது; எல்லோரும் திரும்ப வேண்டியதுதான்.

மாணவர்கள் உச்சிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் பைகளைத் தோளில் மாட்டினார்கள். அது என் கால் வலியைவிட அதிகமாக வலித்தது. அண்ணன் முகத்தை நான் பார்க்கவில்லை.

"நான் இவ கூட இருக்கேன். நீங்க போங்க" என்றது ஒரு குரல். அந்தச் சீன அக்கா.

"அக்கா, வேணாங்க்கா. நீங்க..."

"எனக்குக் கால் வலிக்குது. ஒக்காரணும்" என்றார். பொய் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஏறும்போது மாணவர்களுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டதே அவர்தான்.

அண்ணன், "பாப்பாவ விட்டுட்டு நான் போக மாட்டேன்" என்றார்.

"அண்ணே, போங்கண்ணே. நீங்க போகலன்னா நான் அழுதுடுவேன்."

"ரெண்டு பேரும் சினிமா காட்டாதீங்க லா" என்றார் அக்கா. "போய்யா, போயிட்டு சீக்கிரம் வா. நான் இவள முழுங்கிட மாட்டேன்."

வழிகாட்டிக்கு அந்த அக்காவை முன்பே தெரியும். ஒரு பிளாஸ்டிக் விரிப்பை எங்களுக்கு மேலே மரத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு, இந்த இடத்தை விட்டு அசையக் கூடாது என்று சொல்லி, மற்றவர்களோடு மேலே போனார். அண்ணன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பாசிக்குள் மறைந்தார்.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் பனி மூட்டம் இறங்கியது. பின்னாலேயே மழை. மலை மழை எனக்குப் புதிதில்லை. ஆனால் வீட்டுக்குள் இருந்து பார்ப்பது வேறு, அதன் நடுவே உட்கார்ந்திருப்பது வேறு. விரிப்பின் ஓரத்திலிருந்து தண்ணீர் முதுகில் ஊற்றியது. விழுந்தபோதே என் உடையெல்லாம் சேற்றில் நனைந்திருந்தது. பல் தந்தியடித்தது. கை விரல்களை மடக்க முடியவில்லை. அப்புறம் ஒரு கட்டத்தில் நடுக்கம் நின்று, உடம்பு லேசாகி, சுகமாகத் தூக்கம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது.

பளார் என்று கன்னத்தில் ஓர் அடி விழுந்தது.

"தூங்காத!"

அக்கா என் மேல்சட்டையைக் கழற்றினார். தன் பையில் பத்திரமாக வைத்திருந்த காய்ந்த சட்டையைப் போட்டுவிட்டார். தன்னுடைய மழைக்கோட்டையும் எனக்குச் சுற்றினார். பிளாஸ்கில் இருந்த சூடான கோப்பியை வாயில் ஊற்றினார். என்னை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் எனக்குக் கண் சொருகியது.

"நீ கேண்டீன்ல சமைக்கிறியே, ரசத்துக்குத் தக்காளி போடுவியா?" என்று கேட்டார்.

"ம்."

"தப்பு. ரசத்துக்குத் தக்காளி போடறவளுக்குச் சமைக்கவே தெரியாது."

எனக்குச் சுருக்கென்றது. "தக்காளி இல்லாம என்னக்கா ரசம்?" என்றேன். அவர் விடவில்லை. எங்கள் தோட்டத்துத் திருவிழா ஒரு திருவிழாவே இல்லை என்றார். எங்கள் தோட்டத்து ஆட்கள் பந்து விளையாட வந்து அழுதுகொண்டு போவார்கள் என்றார். நானும் குளறிக் குளறிப் பதில் சொன்னேன். கொஞ்சம் ஓய்ந்து தலை சாய்ந்தபோது, அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"ஒங்கண்ணன் உச்சிக்கெல்லாம் போக மாட்டான். பாதியில எங்கயாவது ஒக்காந்திருப்பான். லோரியில ஒக்காந்து ஒக்காந்து தேஞ்ச ஆளு."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கண்ணனைப் பத்தி ஒங்களுக்கு என்னக்கா தெரியும்?"

சொன்னேன். என் மூத்த பிள்ளை பிறந்தபோது ஈப்போ மருத்துவமனையில் என் உயிர் ஊசலாடியதைச் சொன்னேன். அன்றைக்கு அடை மழை. மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றுவிட்டன. அண்ணன் லோரியை ஓரம் கட்டிவிட்டு, யார் தடுத்தும் கேட்காமல், சரிந்து கிடந்த அந்தச் சேற்று மண்ணை நடந்தே கடந்திருக்கிறார். மறுபக்கம் நின்ற ஒரு காய்கறி லோரியைப் பிடித்து வந்து சேர்ந்தார். இடுப்பு வரை மண். அப்படியே நின்று, ரத்தம் கொடுக்க யாரிடம் போக வேண்டும் என்று கேட்டாராம்.

"எனக்காக மண்ணுச் சரிவைத் தாண்டினவரு, அக்கா! இந்த மலை அவருக்கு ஒரு மலையா?" என்று கத்தினேன்.

"ம். அப்புறம்?" என்றார் அக்கா.

அப்புறமும் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரரிடமோ, பிள்ளைகளிடமோ, அண்ணனிடமேயோ ஒரு நாளும் சொல்லாத எல்லாவற்றையும், முன்பின் தெரியாத ஒருவரின் மடியில் கிடந்து, அந்தக் கொட்டும் மழையில் சொன்னேன். அழுகையும் கோபமுமாக உடம்பு சூடேறி, மறுபடி நடுங்கத் தொடங்கியது. நடுக்கம் வந்ததும் அக்கா பெருமூச்சு விட்டார். அது நல்ல அறிகுறி என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மழை குறைந்தும் அவர்கள் வரவில்லை. இப்போது என் பயம் அண்ணன் பக்கம் திரும்பியது. அக்காவும் பேச்சை நிறுத்திவிட்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கவனித்தேன். கோட்டு இல்லாமல் அவர் உதடு நீலமாகியிருந்தது. கோட்டின் ஒரு பக்கத்தை விரித்து அவரையும் உள்ளே இழுத்துக்கொண்டேன். இந்தத் தடவை அவர் திட்டவில்லை.

மேலே வேர்களுக்கு இடையில் ஒரு குரல் கேட்டது. "பாப்பா!"

அண்ணன் தலை முதல் கால் வரை சேறாக, ஏறக்குறைய உருண்டுகொண்டே வந்தார். மழையில் கயிறு வழுக்கியதால் ஒவ்வொருவராக இறக்க நேரமாகிவிட்டதாம்.

"மேல என்னண்ணே தெரிஞ்சிச்சு?"

"ஒண்ணுமே தெரியல பாப்பா. எல்லாம் வெள்ளையா இருந்திச்சு. ஆனா போய் நின்னுட்டேன்."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஒந்தங்கச்சி ஒன்னைப் பத்தி ஒரு புராணமே படிச்சா. பாதியில நின்னுட்டு வந்திருந்தா என்னை அடிச்சிருப்பா" என்றார்.

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைத் தூங்கவிடாமல் வைக்கத்தான் அவர் சண்டை இழுத்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இறங்கும்போது வழிகாட்டியும் அண்ணனும் மாற்றி மாற்றி என்னைத் தாங்கினார்கள். சில இடங்களில் உட்கார்ந்தே சறுக்கினேன். ஓரிடத்தில் அண்ணன் என்னை முதுகில் தூக்கிக்கொண்டார். அக்காவிடம் தன்னைப் பற்றி என்ன சொன்னேன் என்று கேட்டார். மண்சரிவைப் பற்றி என்றேன்.

"அதெல்லாம் ஞாபகம் இருக்கா ஒனக்கு?"

"இருக்குண்ணே."

அவர் தோள் குலுங்கியதை நான் உணர்ந்தேன். தேயிலைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அன்றைய தினத்தின் முதல் வெயில்.

கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டிருந்தது. கட்டோடு சில வாரம் கிடந்தேன். அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் போன் செய்தபோதெல்லாம், "கோப்பி பிளாஸ்க் மூடிய எங்க போட்ட?" என்று திட்டிப் பேச்சை மாற்றிவிட்டார்.

அடுத்த ஆண்டு அவரே கூப்பிட்டார். மறுபடி போகிறாராம். என் காலுக்கு மலை இனி ஆகாது. அண்ணனும் நானும் காட்டு வாசலில், தேயிலை ஓரத்தில், சோறும் காய்ந்த துணியும் எடுத்துக்கொண்டு போய் நாளெல்லாம் காத்திருந்தோம். மாலையில், உச்சியைத் தொட்டுவிட்டு, எல்லோருக்கும் முன்னால் இறங்கி வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஒங்கள யாரு வரச் சொன்னா?" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். கணவர் போன பிறகு மலையிலிருந்து இறங்கி வரும்போது தனக்காக யாரும் காத்திருப்பார்கள் என்று நினைக்கவே இல்லை என்று, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

அண்ணன் இப்போது தெற்கே ஜொகூரில் மகன் வீட்டில் இருக்கிறார். மலைக்குப் போனால் நான் திரிங்காப்பில் அந்த அக்கா வீட்டில்தான் தங்குகிறேன். அவர் இன்றைக்கும் தக்காளி போடாமல்தான் ரசம் வைக்கிறார். இராவ் உச்சியை நான் பார்த்ததே இல்லை, இனிப் பார்க்கவும் போவதில்லை. ஆனால் ஒரு கூட்டத்தில் யாராவது பின்தங்கிவிட்டால், கோயில் படியோ ரயில் நிலையமோ, எந்த இடமானாலும் என் கால்கள் என்னைக் கேட்காமலேயே நின்றுவிடுகின்றன.