ஜாக்கியில் ஏறிய வீடு

மாங்காட்டுக்கும் கரையான்சாவடிக்கும் நடுவே, ஏரிக் கால்வாயை ஒட்டிப் போகிற தெருவில் பச்சையப்பன் வீடு கட்டியபோது ரோட்டிலிருந்து படியேறித்தான் உள்ளே போக வேண்டும். அப்பாவும் அம்மாவும் அதே சுற்றுவட்டாரத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவர்களுக்குச் சொந்தமாக ஓலைக்குடிசைதான் இருந்தது. பச்சையப்பன் பூந்தமல்லிப் பக்கம் ஒரு குடோனில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போய், அந்தச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளம் போட்ட வீடாக எழுப்பினார். ஒரு கூடம், ஒரு ரூம். சமையலறையைப் பின்னாடி வைத்துக்கொள்ளலாம் என்று விட்டு, பல வருடம் கழித்து ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுச் சேர்த்துக் கட்டினார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எந்தப் பக்கம் சாயும் என்றுதான் முதலில் யோசிப்பார். குடோனில் ஒரு தடவை சரக்கு அடுக்கிய ரேக் ஒன்று கண்ணெதிரே சரிந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றிலிருந்து அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. டிவி ஸ்டாண்டைச் சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டார். கேஸ் டியூபை, கம்பெனிக்காரன் சொன்ன காலத்துக்கு முன்னாலேயே மாற்றினார். ஷாக் அடித்தால் தானாக அணைந்துகொள்ளும் சுவிட்ச் ஒன்றை மெயின் பாக்ஸில் மாட்டினார். ஈரக்கையோடு யாராவது சுவிட்சைத் தொட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். அந்த ஆளுக்குப் பயம் ஜாஸ்தி என்று தெருவில் சிரிப்பார்கள். மனைவி ராணியும் சேர்ந்து சிரிப்பாள்.

ஆனால் அவர் பார்க்காத ஒரு பக்கத்திலிருந்துதான் ஆபத்து வந்தது. வீடு சாயவில்லை, ரோடு வளர்ந்தது. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டினார்கள். ஒரு படி மறைந்தது. சில வருடத்தில் அடுத்த படியும் மறைந்தது. பிறகு படி என்ற பேச்சே இல்லை, ரோட்டிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டியதாகிவிட்டது. கூடத்து ஜன்னலைத் திறந்தால் போகிறவர் வருகிறவர் கால்கள்தான் தெரிந்தன. செருப்பைப் பார்த்தே ஆளைச் சொல்ல ராணி கற்றுக்கொண்டாள்.

மழைக்காலம் வந்தால் தண்ணீர் உள்ளே வரும். பச்சையப்பன் வாசலில் சிமெண்ட் வரப்பு கட்டினார். மணல் மூட்டை போட்டார். ஃப்ரிட்ஜைக் கல் வைத்து உயர்த்தினார். சுவிட்ச் போர்டையெல்லாம் நெஞ்சு உயரத்துக்கு மேலே ஏற்றினார். தண்ணீர் வாசலில் வர முடியாவிட்டால் பாத்ரூம் குழாய் வழியாக எதிர்த்துக்கொண்டு வந்தது. "இன்னா பண்ணாலும் அது வழி கண்டுபுட்சிகினு வருதுய்யா" என்று ராணி சொல்வாள். விளக்குமாறால் தள்ளித் தள்ளியே அவளுக்கு ஒரு பக்கத் தோள் போயிருந்தது.

மகள் ரேஷ்மா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த வருடம் புயல் வந்தது. குழந்தைக்கு இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. காலையில் பெய்யத் தொடங்கிய மழை மதியத்துக்குள் தெருவைக் கால்வாயோடு சேர்த்துவிட்டது. பச்சையப்பன் முதல் வேலையாக மெயினை அணைத்தார். சிலிண்டரைக் கழற்றி மூடி போட்டுப் பரணில் ஏற்றினார். அதற்குள் தண்ணீர் கட்டில் காலைத் தாண்டிவிட்டது. குழந்தையோடு கட்டில் மேல் உட்கார்ந்திருந்த ரேஷ்மா அழவில்லை. அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராணிக்கு அந்தப் பார்வைதான் தாங்கவில்லை.

எதிரே ஒரு அபார்ட்மெண்ட். அதில் முதல் மாடியில் அனுசுயா என்றொரு பெண், கணவனோடு குடியிருந்தாள். கரூர்ப் பக்கத்துக்காரி. இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அதுவரை ராணியும் அவளும் தண்ணீர் லாரி வரும்போது சிரித்துக்கொள்வதோடு சரி. அன்று அவள் பால்கனியில் நின்று, மழைச் சத்தத்தை மீறிக் கத்திக் கூப்பிட்டாள். பச்சையப்பன் பேத்தியை ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் துணி மடித்துப் படுக்க வைத்து, மேலே குடை பிடித்து, தண்ணீரில் தள்ளிக்கொண்டே எதிர்ப்பக்கம் போனார். ரேஷ்மாவை மகன் கிஷோர் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனான். தண்ணீர் வடியும் வரை அவர்கள் ஐந்து பேரும் அனுசுயா வீட்டில்தான் இருந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கு என்ன கொடுக்கலாம், என்ன கூடாது என்று அனுசுயா ராணியிடம் கேட்டுக் கேட்டுச் சமைத்தாள்.

திரும்பி வந்தபோது வீட்டுக்குள் சேறு. ஃப்ரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. ராணி கூடத்தின் நடுவில் நின்று நிதானமாகச் சொன்னாள். "இந்த ஊட்ட வித்துடு. ஐயப்பன்தாங்கல் பக்கம் மேல்மாடியா ஒரு ஃபிளாட் பாரு. இனிமே அந்தக் கொயந்தய நான் தண்ணில தள்ள வுடமாட்டேன்."

பச்சையப்பன் ஃப்ரிட்ஜை நிமிர்த்தினார். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் பள்ளத்தில் இருக்கிற வீட்டை யார் வாங்குவார்கள்? வாங்குகிறவனும் அதே தண்ணீரில்தானே நிற்பான்? அதையும் தாண்டி, அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லுக்கும் அவர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். விட்டுப் போக மனம் வரவில்லை.

கிஷோர்தான் ஒரு நாள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். முழு வீட்டையும் ஜாக்கி வைத்து அப்படியே மேலே தூக்குகிறார்கள். பச்சையப்பன் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். தினமும் அவர் செய்கிற வேலைதானே அது? எடை எங்கே இருக்கிறது என்று தெரிந்து, எல்லாப் பக்கமும் ஒன்றாகத் தூக்கினால் எதுவும் சாயாது. அவர் கண்ணில் வந்த வெளிச்சத்தைப் பார்த்த ராணி போனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தாள். தண்ணீராவது வடியும், வீடு இடிந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். அப்படியும் பச்சையப்பன் விசாரித்து ஆளை வரச் சொன்னார்.

வீடு தூக்கும் வேலையை எடுத்துச் செய்கிற உதயகுமார் என்பவர் வந்து பார்த்தார். அவர் பேச்சில் ராணிக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. விற்கிறவன் நல்லதாகத்தான் சொல்வான் என்று விட்டாள். ஏற்கெனவே தூக்கிய வீடு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, புருஷனைக்கூடச் சேர்த்துக்கொள்ளாமல், பஸ் ஏறி அந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அங்கே இருந்தவள் குப்பம்மா, ராணி வயதுதான் இருக்கும். ராணி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, கடைசியில் என்னதான் கெட்டுப்போனது, உண்மையைச் சொல்லு என்று கேட்டாள். குப்பம்மா ஒளிக்கவில்லை.

"பின்பக்கக் கதவு இறுக்கும். தட்டித்தான் தொறக்கணும். அந்த மூலையில விரிசல் வுட்டுச்சு, பூசிட்டோம். வேற இன்னா? தூக்கறப்போ எனக்கு ஒரு வாரம் சோறு எறங்கல. இப்போ மய பெஞ்சா தூங்கறேன்."

குறையையும் சேர்த்துச் சொன்னதால்தான் ராணி அவளை நம்பினாள். வீட்டுக்கு வந்து, காலைக் கழுவிக்கொண்டே, சரி தூக்கு என்றாள். பச்சையப்பனுக்குக் கையில் இருந்த டீ ஆறிப்போனது.

தை பிறந்ததும் வேலை தொடங்கியது. ரேஷ்மா குழந்தையோடு புகுந்த வீடு போயிருந்தாள். சாமானையெல்லாம் அதே தெருவில் பிடித்த ஒரு வாடகை ரூமுக்கு மாற்றினார்கள். வீட்டுக்குள் தரையை உடைத்து, சுவரின் இரண்டு பக்கமும் பள்ளம் தோண்டினார்கள். அஸ்திவாரத்தில் துளை போட்டு, இரும்புச் சட்டம் நுழைத்து, அதன் கீழே வரிசையாக ஜாக்கிகளை நிறுத்தினார்கள். வேலையாட்கள் எல்லாம் வடக்கத்திப் பையன்கள். மேஸ்திரி விசில் அடித்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆளுக்கு ஒரு திருப்பு திருப்ப வேண்டும். ஒருவனும் முந்தக் கூடாது, பிந்தக் கூடாது.

பச்சையப்பன் லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். பள்ளம் தோண்டும்போது எல்லாம் கூடவே இருந்து ஒவ்வொரு ஜாக்கியையும் தொட்டுப் பார்த்தவர், முதல் விசில் சத்தம் கேட்டதும் இரண்டடி பின்னால் தள்ளி நின்றார். சுவருக்குள்ளிருந்து முனகுவது போல ஒரு சத்தம் வந்தது. குடோனில் எத்தனையோ டன்னைத் தூக்கியிருக்கிறார். அது யாருடைய சரக்கோ. இது அப்படி இல்லை. ராணியிடம் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்றார்.

"போய்க்கினே இரு. நான் பாத்துக்கறேன்" என்றாள் ராணி. ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்து வீட்டுக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவர் டீக்கடையில் இரண்டாவது டீ வாங்கியபோது விசில் சத்தம் நின்றிருந்தது. கிஷோர் ஓடி வந்தான்.

"நைனா, வா. பின்னாடி செவுரு வுட்டுக்கிச்சு."

போய்ப் பார்த்தால் வீட்டுக்கும் சமையலறைக்கும் நடுவே கை நுழைகிற அளவுக்குப் பிளவு. உதயகுமார் பள்ளத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து விளக்கினார். பின்னால் சேர்த்த சமையலறைக்கு அஸ்திவாரம் ஆழமில்லை. வீடு எழும்புகிறது, அது கூட வர மாட்டேன் என்கிறது. இரண்டையும் சேர்த்துத் தூக்கினால் அது வீட்டையும் கீழே இழுக்கும். அறுத்து விட்டுவிட்டு வீட்டை மட்டும் தூக்கலாம், சமையலறையைப் பிறகு புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்.

பச்சையப்பன் ராணியைப் பார்த்தார். அந்தச் சமையலறை அவள் கேட்டுக் கேட்டு வாங்கியது. மேடையின் உயரம்கூட அவள் இடுப்பளவுக்கு வைத்தது. வேறு வழி ஏதாவது உண்டா, கீழே கான்கிரீட் போட்டுப் பார்க்கலாமா என்று அவர் உதயகுமாரிடம் இழுத்தார்.

ராணி சேரைவிட்டு எழுந்து உள்ளே போனாள். அடுப்பு மேடையை ஒரு தடவை கையால் தடவினாள். மாடத்தில் இருந்த அகல் விளக்கை எடுத்து முந்தானையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அறுத்துடுங்க. அடுப்ப எங்க வேணா வெச்சிக்கலாம். ஊடு நிக்கட்டும்."

மெஷின் வைத்து அறுத்தார்கள். புழுதி அடங்கியதும் மறுபடி விசில். இந்த முறை பச்சையப்பன் எங்கும் போகவில்லை. ராணி பக்கத்தில் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். சாயங்காலத்துக்குள் வீட்டுக்கும் பூமிக்கும் நடுவே ஒரு கை அகலம் வெளிச்சம் தெரிந்தது. தெருவே வந்து குனிந்து பார்த்தது. நேர் எதிரே இருந்தவர்களுக்கு வீட்டின் அடியில் பின்பக்கக் கால்வாய் தெரிந்தது.

வேலை தொடங்கியதிலிருந்து ராணி வாடகை ரூம் வராந்தாவில்தான் சமைத்தாள். அனுசுயா பார்த்துவிட்டு, "எங்க அடுப்பு காலையில ஒம்போது மணிக்கு மேல சும்மாதான இருக்குதுங்க்கா, வந்து சமைங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். ராணி முதலில் தயங்கினாள். பிறகு போனாள். மதியக் குழம்பில் அனுசுயா வீட்டுக்கும் ஒரு பாத்திரம் எடுத்து வைத்தாள். கரூர்க்காரிக்கு ராணியின் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு பிடித்துப்போனது. ராணிக்கு அவள் செய்கிற கொள்ளுப் பருப்பு பிடித்தது.

வீடு ரோட்டைவிட உயரமாக எழும்பியதும், அடியில் புதுச் சுவர் கட்டி, மண் நிரப்பித் தரை போட்டார்கள். பாத்ரூம் குழாயில் தண்ணீர் வெளியே மட்டும் போகிற மாதிரி ஒரு வால்வு வைக்கச் சொல்லிப் பச்சையப்பன் பக்கத்தில் நின்று வேலை வாங்கினார். சமையலறையை ராணி பக்கவாட்டில் கட்டச் சொன்னாள். பின்பக்கத்தைவிட அங்கே காற்று வரும் என்று அவளுக்கு அனுசுயா வீட்டுப் பக்கவாட்டுச் சமையலறையில் சமைத்தபோது தோன்றியிருந்தது. குடிபோன முதல் நாள் அவள் கூடத்து ஜன்னலைத் திறந்தாள். கால்களைக் காணோம். ஆட்களின் முகம் தெரிந்தது. முதலில் அவளுக்கே கூச்சமாக இருந்ததால், ஒரு திரை தைத்து மாட்டினாள்.

அந்த வருடம் ஐப்பசியில் நல்ல மழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பச்சையப்பன் வழக்கம்போல மெயின் பக்கம் போய் நின்றார். கையை வைக்கவில்லை. வாசலில் குனிந்து பார்த்தார். தண்ணீர் மேல்படிக்கு வெகு கீழே இருந்தது. உள்ளே வந்து ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்தார். கொஞ்ச நேரத்தில் அபார்ட்மெண்ட்டிலிருந்து அனுசுயாவின் கணவன், பார்க்கிங்கில் மூழ்கப் பார்த்த ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்தான். கிஷோர் பலகை வைத்து அதை வாசல் மேடைமேல் ஏற்றினான். அதைப் பார்த்து மேலும் இரண்டு பேர் வந்தார்கள். ராணி எல்லோருக்கும் டீ போட்டாள்.

ஒரு குறை மட்டும் உண்டு. படி அதிகமாகிவிட்டது. ராணிக்கு முழங்கால் வலி. ஏறும்போதெல்லாம் ஊட்டத் தூக்கினே, என்னத் தூக்க ஆள் வெச்சியா என்று கேட்பாள். பச்சையப்பன் ஒரு சனிக்கிழமை ஸ்டீல் குழாய் வாங்கி வந்து படியோரம் கைப்பிடி வைத்தார். பொங்கலுக்கு ரேஷ்மா வந்தாள். பேத்தி இப்போது தத்தித் தத்தி நடக்கிறாள். புதுத் தரையில் விட்டதும் அது நேராக வாசலை நோக்கித்தான் போனது.

பச்சையப்பன் பாய்ந்து தூக்கினார். அன்று மதியமே அளவு நாடாவோடு வாசலில் உட்கார்ந்துவிட்டார். சின்னக் கதவு ஒன்று வைக்க வேண்டும், குழந்தை கை எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள், நடுவில் தலை நுழையாத இடைவெளியில் கம்பி. பேத்தி அவர் மடியில் உட்கார்ந்து நாடாவைப் பிடித்து இழுத்தது. உள்ளேயிருந்து ராணி, சாப்பிட வருவியா மாட்டியா என்று கேட்டாள். இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் இன்னொரு தடவை அளந்தார்.