தானம் கொடுத்த கொழுந்து லொறி

என் வீட்டுக்காரர் லொறியைத் தானம் கொடுத்துவிட்டார் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. கர்ணன் பரம்பரை என்றுகூட ஒருவர் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொன்னால், முதலில் விற்கத்தான் பார்த்தோம். ஹட்டனிலிருந்து வந்த ஒருவர் லொறியை ஒரு சுற்றுச் சுற்றி, டயரைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, பழைய இரும்பு விலைக்கென்றால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்று இவர் எனக்குக் கண்ணைக் காட்டினார். ஊற்றியதை வீணாக்குவானேன் என்று நானே குடித்தேன்.

அது கொழுந்து லொறி. மலையில் பெண்கள் பறிக்கிற தேயிலைக் கொழுந்தை ஃபெக்டரிக்கு ஏற்றிப் போவது. எங்களுக்குக் கல்யாணமான காலத்திலிருந்து இவருக்கு அதுதான் வேலை. கண் மங்கியதும், இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோட்டமும் சொந்தமாகப் புது லொறி வாங்கிக்கொண்டது. அதன் பிறகு இவர் தினமும் லொறியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். ஓடின காலத்தில் அதை மழைதான் கழுவும்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது. சந்தை வியாபாரிகள் தர்மமாகத் தருகிற மரக்கறியை ஏற்றி வர வண்டி இல்லாமல் அங்கே சிரமப்படுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், லொறியைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று இவரே சொல்லியனுப்பினார். பெண் கேட்டு வந்தவர்களிடம் பேசுவதைப் போல ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஹோர்னை மாற்றக் கூடாது.

அந்த ஹோர்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹட்டனில் சொல்லிவைத்துப் பூட்டியது. அமுக்கினால் மூன்று குரலில் பாடும். எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள வளைவில் இவர் அதை அடித்தால், மேல்மலை வரைக்கும் கேட்கும். கங்காணி தொண்டை கிழியக் கத்தினாலும் நிமிராத பெண்கள், அந்தச் சத்தத்துக்குச் சாக்கைத் தூக்கிக்கொண்டு நிறுவைக்கு இறங்கிவிடுவார்கள். நிறுத்த கையோடு பக்கத்திலுள்ள பிள்ளை மடுவத்துக்கு வந்து குழந்தைகளுக்குப் பால் கொடுப்பார்கள். அவர்கள் வரும்வரை அந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பால் குடிக்கிற பிள்ளைகளுக்குக்கூட அந்த ஹோர்ன் தெரியும்.

லொறியை எடுக்க சிஸ்டர் ஒரு டிரைவரோடு வந்தார். சிஸ்டரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். டிரைவர் வலப்பனைப் பக்கத்துச் சிங்களவர், சாதுவான மனிதர். இவர் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்தார். புது வண்டிக்குச் செய்வதையெல்லாம் இந்தக் கிழட்டு வண்டிக்கு எதற்குச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர்களுக்கு அது புதுசுதானே என்றார். சிஸ்டர் தன் பங்குக்கு ஒரு சிலுவை போட்டார். இரண்டு பக்கத்துச் சாமியையும் கும்பிட்டு முடித்த பிறகு லொறி ஸ்டார்ட் ஆகவில்லை. லயத்தில் வரிசையாகக் குடியிருக்கிற ஆட்களெல்லாம் கூடி இறக்கத்தில் தள்ளிவிட்டோம். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு உருண்டு, பாதி வழியில் உயிர் வந்து, ஒருமுறை ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது.

அன்று வந்து படுத்தவர்தான். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தார். முதலில் நான் கேலி செய்தேன். மகளைக் கட்டிக்கொடுத்தபோதுகூட இப்படிப் படுக்கவில்லையே என்றேன்.  உங்கள் லொறி ஓடியதைவிடத் தள்ளியதுதான் அதிகம் என்றேன். வேறு நாளாக இருந்தால் அந்த ஒரு சொல்லுக்கு ஒரு வாரம் சண்டை நடக்கும். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.  வேலை நின்றதும் படுத்து, அப்படியே எழுந்திருக்காமல் போன ஆண்களை எங்கள் லயத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். லொறி போனதில் எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. இந்த மனுஷனும் அதன் பின்னாலேயே போய்விடுவாரோ என்பதுதான் பயம். சாப்பாட்டுத் தட்டு வைத்தபடியே திரும்பி வந்த நாட்களில், மடுவத்தில் பிள்ளைகளைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே நான் அழுதிருக்கிறேன்.

இப்படியிருக்கையில் ஒருநாள் காலை, நிறுவைக்கு இன்னும் நிறைய நேரம் இருக்கும்போது, வளைவில் அந்த ஹோர்ன் கேட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மடுவத்து அடுப்பில் கேத்தலை வைத்தேன். நிறுவை முடிந்ததும் இவர் தேத்தண்ணீருக்கு வருவாரே. லொறியைத் தள்ளிவிட்டவர்களில் நானும் ஒருத்தி, இருந்தும் கை தானாகக் கேத்தலுக்குப் போய்விட்டது. தொட்டில்களில் தூங்கிய பிள்ளைகளெல்லாம் விழித்து வாசலைப் பார்த்தன. வெளியே எட்டிப் பார்த்தால் மலையே இறங்கி வருகிறது. அரைச் சாக்கும் கால் சாக்குமாகப் பெண்கள் குறுக்குப் பாதையில் ஓடி வருகிறார்கள்.

கீழே நின்றது இல்லத்து லொறி. நுவரெலியாவிலிருந்து கோவாவும் கரட்டுமாக மரக்கறி ஏற்றி வந்த அந்த வலப்பனை டிரைவர், வளைவாயிற்றே என்று ஒழுங்காக ஹோர்ன் அடித்திருக்கிறார், பாவம். முன்னால் ஓடிவந்த பெண்கள் லொறியை மறித்து, கோவாவின் மேலேயே கொழுந்துச் சாக்குகளைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அவர் சிங்களத்தில் என்னென்னவோ சொல்லிக் கையெடுத்துக் கும்பிடுகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிஸ்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மலைக்குப் பொறுப்பான கண்டாக்கையா மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். சாக்குகளை இறக்கிப் பெண்களை மறுபடி மலைக்கு ஏற்றுவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

அந்தச் சூட்டோடு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சிஸ்டரும் பின்னாலேயே வந்தார். மடுவத்தைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு நானும் ஓடினேன்.

"அந்த ஹோர்ன கழட்டிருங்க. நாளைக்கும் இப்படி எறங்குனா தொர என்னையதான் கேப்பாரு" என்றார் கண்டாக்கையா.

கம்பளிக்குள்ளிருந்து இவர் கேட்டார். "எத்தன பேரு எறங்குனாங்க?"

"எல்லாருந்தான்."

"மேமலையில இருந்துமா?"

"அங்க இருந்துந்தான்."

இவர் எழுந்து உட்கார்ந்தார். என் சட்டை எங்கே என்று என்னைக் கேட்டார். சிரிப்பை மறைக்க மூக்கைத் துடைப்பதுபோல் ஒரு நடிப்பு. எனக்குத் தெரியாதா இவரை.

சிஸ்டர் மட்டும் கழற்ற வேண்டாம் என்றார். காரணத்தை இங்கே சொன்னால் புரியாது, ஒரு தடவை இல்லத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள் என்றார். கண்டாக்கையாவையும் விட முடியாது, சிஸ்டரையும் விட முடியாது. இவர் யோசித்து, கொட்டகலை பஸாரிலிருந்து சாதாரண ஹோர்ன் ஒன்றைத் தருவித்தார். ஞாயிற்றுக்கிழமை லொறி வந்ததும், தடவித் தடவி அதையும் தன் கையாலேயே பூட்டினார். எங்கள் வளைவில் சாதா ஹோர்னைத்தான் அடிக்க வேண்டும் என்று டிரைவரிடம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சத்தியம் வாங்கினார். பிறகு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். நடுவில் சிஸ்டர். எனக்குப் பின்னால் கோவா மூட்டைமேல் இடம் கிடைத்தது.

இல்லத்து வாசலில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு, நீங்களே அடியுங்கள் என்று இவருக்குச் சைகை காட்டினார். இவர் எட்டி அமுக்கினார்.

உள்ளேயிருந்து கிழவிகள் வந்தார்கள். எல்லோரும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு மலையில் கொழுந்து பறித்தவர்கள். தடியோடு சிலர், சுவரைப் பிடித்துக்கொண்டு சிலர். ஒருத்தி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். லொறி வருவதற்கு முன்பு கட்டிலை விட்டே இறங்காதவர்களும் இதில் இருக்கிறார்கள் என்று சிஸ்டர் மெல்லச் சொன்னார். எல்லோருக்கும் முன்னால் வந்த அம்மாவை எனக்கு அடையாளம் தெரிந்தது. எங்கள் மேல்மலையில் பறித்தவர். பிள்ளைகள் கொழும்புக்குப் போன பிறகு இங்கே கொண்டுவந்து விடப்பட்டவர். கையில் தலையணையைத் தூக்கி வைத்திருந்தார். நேராக முன்கதவுக்கு வந்து, இவரை அண்ணாந்து பார்த்தார்.

"என்ன தம்பி, இன்னைக்கு இம்புட்டு லேட்டு? கொழுந்தெல்லாம் வாடிப் போச்சு."

லேட் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு இறங்குகிற மனுஷன் இவர். கதவைத் திறந்து கீழே இறங்கினார். அந்தத் தலையணையை இரண்டு கையாலும் வாங்கினார்.

"கொஞ்ச நாளா படுத்துட்டேங்கம்மா. இனி நேரத்துக்கு வந்துருவேன்" என்றார்.

பிறகு லொறியின் பின்பக்கம் வந்து தலையணையை என்னிடம் நீட்டினார். நான் அதைக் கோவா மூட்டைமேல் நசுங்காமல் வைத்தேன்.